புள்ளி ஆறு

இரவு பன்னிரண்டரை மணிக்குப் பணிமனையின் மூன்றாம் வாயிலில் நின்றிருந்த பேருந்தில் கண்காணிப்பாளர் ஏறினார். அது முப்பதாவது இரவு. கடைசி இரவும் அதுவே. ஒரு கையில் அட்டையில் செருகிய படிவம். கைப்பையில் இரண்டு பேனாக்கள், ஒன்று நீலம், மற்றொன்று சிவப்பு. போக்குவரத்து அலுவலகத்தில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பிறர் எழுதியதைத் திருத்தி வந்ததால், அந்த அம்மையாருக்குச் 'சிவப்பு மை' என்று பெயர் வைத்திருந்தார்கள். அப்பெயர் தம் காதில் விழுந்ததாக அவர் ஒருநாளும் காட்டிக்கொண்டதில்லை.

ஓட்டுநர் முன்கண்ணாடியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வாங்கம்மா. நம்ம ராத்திரி ராஜ்ஜியம் இன்னியோட முடியுது."

"முடியுதா தொடருதான்னு படிவம் சொல்லும். அந்த மூலை இன்னும் அழுக்கா இருக்கு."

"அது வெளிப்பக்கத்து அழுக்கும்மா. அதுக்கும் நான்தான் பொறுப்பா?"

"வண்டி உங்களுதுதானே?"

ஓட்டுநர் மறுபேச்சின்றி இறங்கிப் போய் அந்த மூலையையும் துடைத்தார்.

விடிய விடியப் பேருந்து ஓட வேண்டுமா என்பதில் நகரம் இரண்டுபட்டிருந்தது. காலி வண்டிகள் தெருவெல்லாம் உறுமிக்கொண்டு போனால் மனிதர் தூங்குவது எப்போது என்று ஒரு சாரார் கேட்டனர். ஊர் தூங்கும்போது வேலை செய்பவர் மட்டும் கால் தேய நடக்க வேண்டுமா என்று மறு சாரார் கேட்டனர். நகர மன்றத்தார் எந்தப் பக்கமும் சாயாமல், முடிவை எண்ணிக்கையிடம் ஒப்படைத்தனர். முப்பது இரவுகள், ஒரே ஒரு பேருந்து. முந்நூறு பயணிகள் சேர்ந்தால் சேவை நிலைக்கும். ஒருவர் குறைந்தாலும் நின்றுவிடும். படிவத்தில் ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் எதிரே ஏறியவர், இறங்கியவர் என இரு பத்திகள் இருந்தன. இரண்டின் கூட்டுத்தொகையும் ஒன்றாக இல்லாவிட்டால், அந்த இரவின் படிவம் முழுவதும் தள்ளுபடியாகும். இந்த விதியை வகுத்தவர் கண்காணிப்பாளரே.

இருபத்தொன்பது இரவுகளில் இருநூற்றுத் தொண்ணூற்றொரு பேர் பயணம் செய்திருந்தனர். இன்று ஒன்பது பேர் வேண்டும்.

பதினோரு ஆண்டுகளுக்கு முன்பும் இதே கேள்வி எழுந்தது. அப்போது நள்ளிரவுக்குப் பின் ஓடிய கடைசிப் பேருந்தின் பயணிகளை எண்ணியபோது, நாளொன்றுக்குச் சராசரியாகப் புள்ளி ஆறு என்று வந்தது. 'ஒன்றுக்கும் குறைவு; பயணி இல்லை எனக் கொள்ளலாம்' என்று குறிப்பு எழுதிக் கையொப்பமிட்டவர் இதே கண்காணிப்பாளர்தாம். மறுவாரமே அந்தப் பேருந்து நிறுத்தப்பட்டது. கணக்கில் பிழை இல்லை. அவருடைய கணக்கில் பிழை வருவதில்லை.

பேருந்து புறப்பட்டது. சந்தை நிறுத்தத்தில் ரொட்டி அடுமனைக்காரர் இருவர் ஏறினர். அடுத்து ஒரு காவலாளி. அதற்கடுத்து உணவகத்தில் பாத்திரம் கழுவும் இருவர். பாலத்தருகே ஒரு தம்பதியர், தோளில் உறங்கும் குழந்தையோடு ஏறினர்.

"குழந்தைக்கும் ஒண்ணு போடுங்கம்மா" என்றான் தகப்பன். "தூங்குறானே தவிர, அவனும் ஆளுதான்."

"தன் காலால படியேறினாத்தான் பயணி."

"எழுப்பி இறக்கி ஏத்தட்டுமா?"

"வேண்டாம். உட்காருங்க."

மருத்துவமனை முன்வாயிலில் சலவைக்கூடப் பெண் ஏறினாள். முப்பது இரவுகளும் தவறாமல் வந்தவள் அவள் ஒருத்தியே. வெந்நீரில் ஊறி வெளுத்த விரல்கள். சலவைத்தூளின் காரநெடி அவளுக்கு முன்பாகவே உள்ளே வந்துவிடும்.

"இன்னிக்கு எத்தனைம்மா?"

"உங்களோட எட்டு."

"இனிமே ஏறுற நிறுத்தம் ஏது? எல்லாம் இறங்குற இடமாச்சே." அவள் குரல் தணிந்தது. "என்னைய ரெண்டா எழுதிடுங்க. ரெண்டு ஆள் வேலைதான் பாக்கிறேன்."

"அப்படி எழுத முடியாது."

"தெரியும். சும்மா கேட்டுப் பார்த்தேன்." அவள் இருக்கையில் அமர்ந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். "இந்த வண்டி இல்லன்னா அஞ்சு மணி வண்டிதான். அதுவரைக்கும் எங்கம்மாவுக்குத் திரும்பிப் படுக்கக்கூட முடியாது. நனஞ்ச படுக்கையிலேயே கிடக்கும். ஒரு மாசமாத்தான் முதுகுப் புண்ணு ஆறிட்டு வருது."

கண்காணிப்பாளர் படிவத்தைப் பார்த்தார். எட்டு என்ற எண்ணின் மேல் பேனா முனை நின்றது. நிற்கட்டும் என்று விட்டுவிட்டார்.

பேருந்து மருத்துவமனையின் சுற்றுச்சுவரைச் சுற்றிக் கால்வாய்ச் சாலையில் திரும்பியது. இங்கே தெருவிளக்குகள் இல்லை. ஒரு புறம் கறுத்த நீர். மறுபுறம் பாசி படிந்த நீண்ட சுவர். சுவரின் நடுவே சலவைக்கூடத்தின் பழைய பின்வாயில் செங்கல் வைத்து அடைக்கப்பட்டிருந்தது. அதன் எதிரே, பெயர்ப்பலகை கழற்றப்பட்ட ஓர் இரும்புக் கம்பம் மட்டும் நின்றது. முன்பு அது ஒரு நிறுத்தம். இப்போது பட்டியலில் இல்லை.

மணி அடித்தது.

ஒரே ஒரு முறை. பேருந்தில் யாரும் பொத்தானைத் தொடவில்லை.

இதே இடத்தில் இப்படி மணி அடிப்பது புதிதன்று. கம்பியில் கோளாறு என்று மூன்று முறை பழுதுபார்த்தும் ஆயிற்று. ஆனால் இன்று ஓட்டுநர் வேகத்தைக் குறைத்தார்.

"ஏன் மெதுவாப் போறீங்க?"

ஓட்டுநர் திரும்பவில்லை. கண்ணாடியில் தெரிந்த அவர் முகம் வியர்த்திருந்தது.

"கை காட்டுதும்மா."

"யாரு?"

"எத்தனை நாள்தான் பார்க்காத மாதிரி போறது? ஒயர்ல கோளாறுன்னா தினமும் அடிக்கணும்ல? வாரத்துல நாலு நாள் அடிக்குது. மூணு நாள் அடிக்கிறதில்ல. நீங்க கவனிக்கலையா?"

கவனித்திருந்தார். படிவத்தின் ஓரத்தில் குறித்தும் வைத்திருந்தார்.

"பதினோரு வருஷத்துக்கு முன்னாடி கடைசி வண்டிய ஓட்டினது நான்தான். இங்க ஒரே ஒரு அக்கா ஏறும். சலவைக்கூடத்துல ராத்திரி வேலை. நாலு நாள் வேலை, மூணு நாள் லீவு. வேற ஒரு ஈ காக்கா ஏறாது. 'உனக்காகத்தான் தம்பி இந்த வண்டியவே விட்டிருக்காங்க, இல்லன்னா உனக்கு யாரு வேலை குடுப்பா'ன்னு கிண்டல் பண்ணும். வண்டிய நிறுத்தினதும் நடக்க ஆரம்பிச்சுது. நாலாம் நாள் வீடு போய்ச் சேரல. கால்வாய்ல ஒத்தச் செருப்பு மட்டும் மிதந்துச்சு."

நான்கை ஏழால் வகுத்தால் புள்ளி ஐந்து ஏழு. மேல்நோக்கி முழுமையாக்கினால் புள்ளி ஆறு.

பதினோரு ஆண்டுகளாக அவர் அதை ஓர் எண் என்றே நினைத்திருந்தார்.

"நிறுத்துங்க."

"பட்டியல்ல இல்லாத இடம்மா."

"நிறுத்துங்கன்னு சொன்னேன்."

பேருந்து நின்றது. கதவு பெருமூச்சுடன் திறந்தது. வெளியே இருளும் கம்பமும் மட்டுமே தெரிந்தன. கால்வாய்ச் சேற்றின் குளிர் முதலில் உள்ளே வந்தது. அதன் பின்னே, வெந்நீரில் புழுங்கிய துணியின் வாடை மெல்லப் பரவியது.

கீழ்ப்படி கிறீச்சிட்டது.

பிறகு மேற்படி.

யாரேனும் ஏறினால் சாய்வதுபோல வண்டி சற்றே இடப்புறம் சாய்ந்து நிமிர்ந்தது.

ஒரு செருப்பின் ஒலி. அடுத்து, ஈரமான வெறுங்காலின் ஒலி. மறுபடியும் செருப்பு. மறுபடியும் வெறுங்கால்.

அந்த ஒலி இருக்கைகளுக்கு இடையே நடந்து வந்து, கண்காணிப்பாளரின் பின்னால் நின்றது. அங்கிருந்த காலி இருக்கையின் மெத்தை காற்றை வெளிவிட்டு அழுந்தியது.

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பாத்திரம் கழுவுபவர்கள் தம் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தனர். காவலாளி கண்களை மூடிக்கொண்டார். தகப்பனின் தோளில் உறங்கிய குழந்தை மட்டும் விழித்துத் தலையைத் தூக்கி, கண்காணிப்பாளரின் தோளுக்கு மேலே எதையோ பார்த்தது. வெகுநேரம் பார்த்தது. பிறகு முகத்தைத் தகப்பனின் கழுத்தில் புதைத்துக்கொண்டது.

"எழுதுங்கம்மா" என்று முணுமுணுத்தாள் சலவைக்கூடப் பெண்.

"யாரை?"

"ஏறினவங்களை."

தன் காலால் படியேறுபவரே பயணி. விதி அவ்வளவுதான், அதற்கு மேல் அதில் எதுவும் சொல்லப்படவில்லை. கண்காணிப்பாளர் படிவத்தின் அடியில் 'சலவைக்கூடப் பின்வாயில்' என்று தம் கைப்பட எழுதி, எதிரே ஒன்று எனக் குறித்தார். எழுத்து நேராகவே இருந்தது.

கதவு மூடியது. ஒவ்வொரு நிறுத்தமாக ஆட்கள் இறங்கினர். கால்வாய் வளைவில் சலவைக்கூடப் பெண் எழுந்தாள். பின்னிருக்கையின் பக்கம் பாராமலே, "வரேன் அக்கா" என்று சொல்லிவிட்டு ஓட்டமாக இறங்கிப் போனாள்.

ஏறியவர் ஒன்பது. இறங்கியவர் எட்டு.

இன்னும் ஒரே நிறுத்தம் இருந்தது. அது கண்காணிப்பாளரின் தெருமுனை. அதற்கப்பால் பணிமனை. தொகை ஒத்துவராத படிவம் செல்லாது. இன்றைய ஒன்பதும் இல்லாமற் போகும்.

அவர் திரும்பாமல், மிகத் தாழ்ந்த குரலில் கேட்டார்: "உங்க நிறுத்தம் எது?"

பின்கழுத்தில் குளிர்ந்த மூச்சொன்று பட்டது. படிவத்தின் மேல் ஒரு துளி நீர் விழுந்து, நீல மையைக் கரைத்தது.

"முன்னாடி இவங்க எங்க இறங்குவாங்க? இப்ப ஏன் இறங்கல?" என்றார் ஓட்டுநரிடம்.

"வளைவுலதான். ஆனா அக்கா வீடு இப்ப இல்லம்மா. கரையோர வீட்டையெல்லாம் இடிச்சுட்டாங்க. எங்க இறங்கும்?"

மணி அடித்தது.

கண்காணிப்பாளர் பொத்தானை அழுத்தவில்லை.

பேருந்து அவருடைய தெருமுனையில் நின்றது. அவர் எழுந்து, கம்பியைப் பிடித்தபடி மெல்ல இறங்கினார். பின்னால் ஒரு செருப்பு இறங்கியது. ஒரு வெறுங்கால் இறங்கியது.

"பார்த்துப் போங்கம்மா" என்றார் ஓட்டுநர். சிரிக்க முயன்றார், முடியவில்லை. "ரெண்டு பேராத்தானே போறீங்க. பயமில்ல."

பேருந்தின் பின்விளக்கு மறையும்வரை அவர் தெருவிளக்கின் கீழ் நின்றார். பிறகு அட்டையை மார்போடு சாய்த்துப் பிடித்து, தம் தெருமுனைக்கு எதிரே, இறங்கியவர் பத்தியில் ஒன்று எனக் குறித்தார். தம்மை எழுதவில்லை, பணியிலிருக்கும் அலுவலர் பயணி அல்லர்.

ஒன்பதும் ஒன்பதும்.

முந்நூறு என்ற எண்ணை நகர மன்றத்தில் யாரும் மறுக்கவில்லை. மறுவாரத்திலிருந்து பேருந்து விடிய விடிய ஓடியது. சலவைக்கூடப் பெண்ணின் தாயாருக்கு முதுகுப் புண் முழுவதும் ஆறிவிட்டதாக ஓட்டுநர் வந்து சொல்லிப் போனார்.

மாத முடிவில், நரைத்த தலையுடைய எழுத்தர் ஒருவர் அறிக்கையோடு கண்காணிப்பாளரின் மேசைக்கு வந்தார்.

"அம்மா, உங்க தெருமுனையில மட்டும் ஒரு விவகாரம். ராத்திரி ரெண்டு மணி வண்டியில இறங்கினவங்க சராசரி புள்ளி ஆறுதான். ஒண்ணுக்கும் கம்மி. இல்லைன்னு போட்டுடலாமா?"

கண்காணிப்பாளர் சிவப்புப் பேனாவை எடுத்து, மூடியைத் திறக்காமலே கீழே வைத்தார்.

"உள்ளபடியே இருக்கட்டும்."

அன்று அவர் வீட்டிற்குச் சீக்கிரம் திரும்பி, செருப்பைக் கழற்றி வாசலில் ஓரமாக வைத்தார். இரண்டும் இணையாக, முனை வெளிப்புறம் நோக்கி. அவர் எப்போதும் அப்படித்தான் வைப்பார். இரவு இரண்டு மணிக்குத் தெருமுனையில் பேருந்து நின்று புறப்பட்டது. மாடிப்படியில் காலடிகள் ஏறின: செருப்பு, வெறுங்கால், செருப்பு, வெறுங்கால். வாரத்தில் நான்கு நாள் ஏறும் காலடிகள். தாழிட்ட கதவுக்கு உள்ளே கட்டிலின் காலடியில் அவை நிற்கும்வரை, அவர் சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தார். சலவைத்தூளின் நெடி விடியும்வரை அறையை விட்டுப் போகவில்லை.

காலையில் கதவைத் திறந்தபோது, வாசலில் ஒரு செருப்பு மட்டுமே இருந்தது. மற்றொன்று இருந்த இடத்தில் ஈரம் பாதத்தின் வடிவில் காய்ந்துகொண்டிருந்தது.

மறுநாள் இரவும் பேருந்து நின்றது.

படியேறிய இரு கால்களும் செருப்பணிந்திருந்தன.