இன்னும் நாலு பலகை

சஞ்சர் ராணுவத்துக்குப் புறப்படும் நாளன்று வீட்டில் ஆளுக்கொரு கவலை இருந்தது. வைத்திருக்கும் கம்பளிக் காலுறைகள் போதுமா என்று அம்மாவுக்குக் கவலை. பெரிய அண்டாவில் வேகும் புலாவ் வருகிறவர்களுக்கெல்லாம் போதுமா என்று அப்பாவுக்குக் கவலை. சஞ்சரின் தங்கை முனிசாவுக்குப் பத்து வயது. அவளுடைய கவலை வேறு. பன்னிரண்டாவது பாலம் இன்னும் முடியவில்லை.

ரயில் நாலு மணிக்கு. அதற்குள் முடித்தாக வேண்டும். விட்டால் அண்ணன் திரும்பி வர ஒரு வருடம் ஆகும்.

அந்தப் பாலம் இருந்தது வீடியோ கேமில்தான். ஆனால் முனிசாவிடம் போய், "அது நிஜப் பாலம் இல்லையே" என்று சொல்லிவிட்டு யாரும் லேசில் தப்பிக்க முடியாது. அவளும் அண்ணனும் ஒரு வருடமாகக் கட்டுகிறார்கள்.

சஞ்சருக்குக் கோகந்த் நகரச் சந்தையில் ரவ்ஷான் மாமாவின் செல்போன் கடையில் வேலை. போன பிப்ரவரியில் ஒரு நாள் அவன் ஒரு பழைய கேம் பெட்டியோடு வீட்டுக்கு வந்தான். யாரோ பழுதுபார்க்கக் கொடுத்துவிட்டு, திரும்ப வாங்க வரவே இல்லையாம். இரண்டு ஜாய்ஸ்டிக், ஒரு கட்டு ஒயர், உள்ளே ஒரு டிஸ்க்.

"வேற கேம் போடலாமா அண்ணா?" என்று முனிசா கேட்டாள்.

"டிஸ்க் உள்ளேயே மாட்டிக்கிச்சு. வெளியே எடுக்கலாம். எடுத்தா பெட்டி போயிடும்."

ஆக, கேம் அது ஒன்றுதான். அதிலும் எழுத்தெல்லாம் ஜப்பான் மொழி. இருவருக்கும் ஓர் எழுத்தும் புரியவில்லை. குடை பிடித்த ஒரு தாத்தா இருந்தார், ஒரு வாத்து இருந்தது, வெள்ளம் அடித்துப்போன ஓர் ஊர் இருந்தது. வாத்து பலகையைத் தூக்கி வர, குடைத் தாத்தா ஆணி அடிக்க, இருவரும் சேர்ந்தால்தான் பாலம் கட்டலாம். இதைக் கண்டுபிடிக்கவே இவர்களுக்கு ஒரு மாதம் ஆயிற்று. சஞ்சர் குடைத் தாத்தா, முனிசா வாத்து.

அந்த ஒரு மாதத்தில் சஞ்சர் தனக்கு ஜப்பான் மொழி கொஞ்சம் தெரியும் என்று கதை விட்டான். திரையில் மீன்காரர் ஒருவர் வந்து ஏதோ சொல்வார். உடனே சஞ்சர் முகத்தைச் சீரியஸாக வைத்துக்கொள்வான்.

"மீன்காரர் என்ன சொல்றார் தெரியுமா? வாத்து போய்த் தன் அண்ணனுக்கு டீ கொண்டு வரணுமாம். இல்லைன்னா கதவு திறக்காதாம்."

முனிசா ஓடிப்போய் டீ கொண்டு வருவாள். இரண்டு வாரம் கழித்து மீன்காரர், "வாத்து அண்ணனோட ஷூவைத் துடைக்கணும்" என்று சொன்னபோதுதான் அவளுக்குச் சந்தேகம் வந்தது. அன்றைக்கு அவள் தலையணையால் அண்ணனை அடித்த அடியில் அறை முழுக்கப் பஞ்சு பறந்தது.

எவ்வளவு நல்ல வருடம் அது! கோடையில் தர்பூசணிச் சாறு ஜாய்ஸ்டிக்கில் கொட்டி, இடது பட்டன் ஒட்டிக்கொண்டது. வாத்து மூன்று நாள் இடது பக்கமாகவே குதித்தது. குளிர்காலத்தில், ஏழாவது பாலம் முடியும் நேரம் பார்த்துக் கரண்ட் போயிற்று. அத்தனையும் போச்சு என்று முனிசா அழுதாள். அதன்பிறகு கேமுக்குள் இருக்கும் கிணற்றடிக்குப் போய் சேவ் பண்ணக் கற்றுக்கொண்டார்கள். இலையுதிர் காலத்தில் சஞ்சருக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்கவில்லை. நாலு நாள் அவன் யாரோடும் பேசாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கிடந்தான். ஐந்தாம் நாள் முனிசா அவன் பக்கத்தில் ஜாய்ஸ்டிக்கை வைத்தாள்.

"வாத்து பலகையோட நிக்குது அண்ணா. அதுக்குக் கழுத்து வலிக்கும்ல?"

சஞ்சர் எழுந்து வந்தான்.

இப்படியே பதினொரு பாலங்கள் கட்டியாயிற்று. பன்னிரண்டாவதுதான் கடைசி, அதுதான் மிக நீளம். அதன் அக்கரையில் விளக்கு எரியும் ஒரு சின்ன வீடு. அங்கே யார் இருக்கிறார்கள் என்று இருவருக்கும் தீராத சண்டை. வாத்தின் அம்மாதான் என்று முனிசா அடித்துச் சொன்னாள். குடைக் கடை என்றான் சஞ்சர்.

"நான் போறதுக்குள்ள முடிச்சிடுவோம். சத்தியம்" என்று அவன் நேற்றுதான் சொல்லியிருந்தான்.

ஆனால் டி.வி. இருந்தது விருந்தினர் அறையில். அந்த அறை முழுக்க இன்று விருந்தினர்கள்.

அக்கம்பக்கத்தார் வந்தார்கள், சொந்தக்காரர்கள் வந்தார்கள். புலாவ் காலியாயிற்று. எல்லோரும் கையேந்தி சஞ்சருக்காக வேண்டிக்கொண்டு முகத்தைத் தடவிக்கொண்டார்கள். அதோடு கிளம்புவார்கள் என்று பார்த்தால், ரவ்ஷான் மாமா மெத்தையில் இன்னும் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

"சஞ்சர், ராணுவத்துல முக்கியமானது என்ன தெரியுமா? கால்! கால் ஈரமாச்சுன்னா எல்லாம் போச்சு!"

அவர் இதை மூன்றாம் தடவையாகச் சொல்கிறார். மணி இரண்டரை. டீ ஊற்றும் வேலை முனிசாவுடையது. அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். கெண்டியை எடுத்தாள், எல்லோருடைய கிண்ணத்திலும் விளிம்பு வரை தளும்பத் தளும்ப ஊற்றினாள்.

அறை அமைதியாகிவிட்டது.

எங்கள் ஊரில் விருந்தாளிக்குக் கிண்ணத்தில் பாதிகூட ஊற்ற மாட்டோம். குறையக் குறைய ஊற்றிக்கொண்டே இருப்போம், அதுதான் மரியாதை. கிண்ணத்தை நிரப்பிக் கொடுத்தால், 'குடித்துவிட்டு நடையைக் கட்டுங்கள்' என்று அர்த்தம். நாலு வயதுக் குழந்தைக்கும் இது தெரியும்.

அப்பாவின் முகம் சிவந்தது. முனிசாவுக்குக் காது சூடாயிற்று.

ரவ்ஷான் மாமா தன் கிண்ணத்தை உற்றுப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். "ஏம்ப்பா, என் மருமக நம்மளை வாசலுக்கே வழியனுப்புறா! எழுந்திருங்க, எழுந்திருங்க! கிளம்புற பிள்ளையை வீட்டுக்காரங்க கொஞ்ச நேரம் பார்க்க வேண்டாமா? நானும் பேசிக்கிட்டே இருக்கேன்!"

"மன்னிச்சுக்கோங்க மாமா" என்றாள் முனிசா, தலையைக் குனிந்துகொண்டு.

"சாயங்காலம் வந்து பாதிக் கிண்ணம் குடிக்கிறேன், போ!" என்றார் மாமா. அவருடைய ஆறு வயது மகன் தாஹிர் மட்டும், "நான் வரலை, நான் கேம் பார்க்கணும்" என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டான்.

அறை காலியான அடுத்த நிமிடம் டி.வி.யில் ஆறு ஓடியது.

முப்பது பலகைகள். வாத்து ஓடியது, குடைத் தாத்தா ஆணி அடித்தார். பத்து. பதினைந்து. இருவரும் பேசவில்லை. ஒரு வருடப் பழக்கத்தில், எப்போது ஓடுவது, எப்போது நிற்பது என்று சொல்லிக்கொள்ளத் தேவையே இல்லை. இருபது. இருபத்தாறு. அக்கரை வீட்டின் விளக்கு பெரிதாகத் தெரிய ஆரம்பித்தது.

"இன்னும் நாலு பலகை!" என்று தாஹிர் கத்தினான்.

அப்போது அம்மா உள்ளே வந்தாள். அவள் கையில் வெள்ளைத் துணியில் ஒரு வட்ட ரொட்டி, காலையில் அவளே சுட்டது.

"சஞ்சர், இதைக் கடிச்சிடு கண்ணு."

"ஒரு நிமிஷம்மா."

அம்மா நின்றாள். ஒரு நிமிடம் போயிற்று, இன்னொரு நிமிடமும் போயிற்று. சஞ்சர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே வாயைத் திறந்தான். அம்மா ரொட்டியை அவன் வாயருகே நீட்டினாள். அவன் ஒரு துண்டைக் கடித்து மென்றுகொண்டே பட்டனை அழுத்தினான். அம்மா மீதி ரொட்டியைத் துணியில் சுற்றினாள்.

"அத்தை, மீதி ரொட்டியை எனக்குத் தாங்க" என்றான் தாஹிர்.

"அதுல கை வைக்கக் கூடாதுடா. மீதியை சஞ்சர்தான் வந்து தின்னணும். அவன் வர்ற வரைக்கும் சுவத்துல தொங்கும்."

"ஏன்?"

"பாதியில விட்டுட்டுப் போனாத்தான் முடிக்கிறதுக்குத் திரும்பி வருவாங்க" என்றாள் அம்மா. சொல்லும்போது அவள் குரல் கம்மியது.

முனிசா திரும்பிப் பார்த்தாள். அம்மாவின் கண் சஞ்சரின் முதுகின் மேலேயே இருந்தது. காலையிலிருந்து அம்மா அரிசி களைந்தாள், கேரட் நறுக்கினாள், பாத்திரம் கழுவினாள். அண்ணன் பக்கத்தில் ஒரு தடவைகூட உட்காரவில்லை. எல்லோரையும் கிளப்பிவிட்டு அண்ணனை எடுத்துக்கொண்டது தான்தான் என்று முனிசாவுக்குச் சட்டென்று உறைத்தது.

திரையில் வாத்து பலகையோடு நின்றது.

"ஏய் வாத்து, ஓடு! என்ன பண்றே?" என்றான் சஞ்சர்.

அந்த விளக்கு வீட்டில் யார் என்று தெரிந்துகொள்ள முனிசாவுக்கு அவ்வளவு ஆசை. நாலே நாலு பலகை, ஐந்து நிமிடம்கூட ஆகாது.

அவள் வாத்தைத் திருப்பி, கிணற்றடிக்கு நடத்திப் போனாள்.

"முனிசா! முடியப் போகுதுடீ!"

"முடிய வேண்டாம்."

"என்னது?"

"நாலு பலகை அப்படியே இருக்கட்டும். நீ வந்து போடு." அவள் சேவ் பட்டனை அழுத்தினாள். "நானும் தொட மாட்டேன். எட்டிக்கூடப் பார்க்க மாட்டேன்."

சஞ்சர் அவளைப் பார்த்தான், அம்மாவின் கையிலிருந்த துணி மூட்டையைப் பார்த்தான். அவன் வாயில் ரொட்டி இன்னும் இருந்தது. மெல்வதை நிறுத்திவிட்டான்.

"சத்தியம் பண்ணினேனே" என்றான் மெதுவாக.

"அந்தச் சத்தியம் எங்கேயும் போயிடாது. அடுத்த வருஷம் முடிச்சுக் குடு." முனிசா அவன் கையிலிருந்து ஜாய்ஸ்டிக்கை வாங்கினாள். "போ அண்ணா. அம்மா நின்னுக்கிட்டே இருக்காங்க."

சஞ்சர் எழுந்தான். அம்மாவின் தோளைப் பிடித்து மெத்தையில் உட்கார வைத்தான். பக்கத்தில் தானும் உட்கார்ந்து, அவள் மடியில் தலையை வைத்துக்கொண்டான். அம்மா முதலில் அவன் தலைமுடியைத் தடவினாள். பிறகு, கம்பளிக் காலுறை எந்தப் பையில் இருக்கிறது என்று சொன்னாள். பிறகு அழுதாள், பிறகு ஏதோ நினைத்துச் சிரித்தாள். இருபது நிமிடம் இருந்தது. முழுவதும் அம்மாவுக்கே. முனிசா டீ கொண்டு வந்து, இரண்டு கிண்ணத்திலும் கொஞ்சமே கொஞ்சம் ஊற்றினாள்.

ரயில் நிலையத்தில் சஞ்சர் படியில் நின்று கையசைத்தான். "வாத்து! கழுத்து வலிக்காம பார்த்துக்கோ!" என்று கத்தினான். முனிசா சிரித்தாள். ரயில் மறைந்ததும் அப்பாவின் கோட்டில் முகத்தைப் புதைத்து நன்றாக அழுதாள்.

வீட்டுக்கு வந்தபோது ரொட்டி விருந்தினர் அறைச் சுவரில், ஆணியில் தொங்கியது. கூடவே வந்த தாஹிர் முதல் ஆளாக ஓடிப்போய் டி.வி. முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

"அக்கா, நான் குடைத் தாத்தாவா இருக்கேன்! நாலு பலகைதானே? டக்குனு போட்டுடலாம்!"

முனிசா அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். அறை பெரிதாகத் தெரிந்தது. இரண்டாவது ஜாய்ஸ்டிக்கைத் துடைத்து அவன் கையில் கொடுத்தாள்.

"நாம ரெண்டு பேரும் முதல் பாலத்திலேர்ந்து புதுசா கட்டலாம். உனக்கு எல்லாம் நான் சொல்லித் தர்றேன்."

"அப்போ இந்தப் பெரிய பாலம்?"

"அதுல மட்டும் கை வைக்காதே தாஹிர்" என்றாள் முனிசா. "அது எங்க அண்ணன் கடிச்சு வச்சது."