ஆளோடு விலைக்கு வந்த வீடு

ஞாயிறு காலை எட்டரை மணிக்கு ஹினேஸ் கதவைத் தோளால் இடித்தான். மூன்றாவது இடியில் உள்தாழ்ப்பாள் பெயர்ந்துகொண்டு வந்தது.

உள்ளே வட்ட மேசையின் கனத்த விரிப்பை மடிமேல் இழுத்துவிட்டபடி நாற்காலியில் சாய்ந்திருந்தார் செலெதோனியோ. வயது எண்பத்திரண்டு. தூங்குகிறவர் மாதிரிதான் இருந்தார். கன்னம் மட்டும் சின்னப் பையனுக்குப் போலச் சிவந்திருந்தது. மேசைமேல் ஒரு சூப் கிண்ணம், ரொட்டியால் துடைத்து வழித்துச் சாப்பிட்டது. மேசைக்கடியில், குளிருக்குக் கரி போட்டு மூட்டும் கணப்புச் சட்டி நிறையச் சாம்பல்.

"மாமா!" ஹினேஸ் அவர் கையைப் பிடித்தான். கை விறைத்திருந்தது.

அவனுடைய அக்கா என்கார்னி பின்னாலேயே ஓடி வந்தாள். மண்டியிட்டு விரிப்பைத் தூக்கி மேசைக்கடியில் பார்த்தாள். கட்டிலுக்கடியில் பார்த்தாள். "பூனை எங்க? ஐயோ, பூனை எங்க?" என்று அலறினாள்.

பதில் மாடிப்படியிலிருந்து வந்தது. "என்கிட்ட இருக்கு. என் அறையில தூங்குது."

சொன்னவள் சோல்வெய், வீடு வாங்க வந்த நார்வேக்காரி. என்கார்னி அவளை அண்ணாந்து பார்த்தாள். ஒரு கணம் அழுகைகூட நின்றுபோனது. பிறகு சிலுவைக்குறி போட்டுக்கொண்டு மறுபடியும் அழ ஆரம்பித்தாள்.

சோல்வெய் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவள் மனதில் ஓடியது ஒரே ஒரு வாக்கியம். முந்தாநாள் அவளே சொன்ன வாக்கியம்.

பல் மருத்துவமனை ஒன்றில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் சோல்வெய். புருஷன் இறந்த பிறகு பெர்கன் நகரத்து மழையில் தனியாக இருக்கப் பிடிக்காமல், இரண்டு குளிர்காலமாக ஸ்பெயினின் கிரனாடா மலைக் கிராமங்களில் வீடு தேடிக்கொண்டிருந்தாள். ஒரு வீட்டுக்குப் பாதிப் பத்திரம்தான் இருந்தது. இன்னொரு வீட்டுக்குப் பக்கத்து வீட்டு அடுப்பங்கரை வழியாகத்தான் போகமுடியும். மூன்றாவதில் கையெழுத்துப் போடவேண்டிய ஐந்து பேரில் ஒருத்தன் அர்ஜென்டினாவில் தொலைந்துபோயிருந்தான். கடைசியில் பெனல்கார் கிராமத்தில் இந்த வீடு. கீழே திறந்த முற்றம், நடுவில் எலுமிச்சை மரம். மாடியில் நின்றால் மலை கைக்கெட்டும்.

ஒரே ஒரு சிக்கல். முற்றத்தை ஒட்டிய கீழறையில் செலெதோனியோ சாகும்வரை இருக்கலாம் என்று என்கார்னியின் அம்மா உயில் எழுதி வைத்திருந்தாள். வீட்டை யார் வாங்கினாலும் அவரையும் சேர்த்துத்தான் வாங்கவேண்டும். அதைக் கேட்டதும் முன்னால் வந்த மூன்று பேர் ஓடிப்போனார்கள்.

வெள்ளிக்கிழமை மொட்டை மாடியில் நின்றபடி, என்கார்னியிடம் ஆங்கிலத்தில் சோல்வெய் சொன்னாள்: "வீடு ரொம்பப் பிடிச்சிருக்கு. அந்தப் பெரியவர் மட்டும் இல்லேன்னா நாளைக்கே கையெழுத்துப் போட்டுடுவேன்." சொல்லிவிட்டுச் சிரித்தாள். என்கார்னியும் சிரித்தாள். கீழே முற்றத்தில் அந்தப் பெரியவர் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். அவள் இறங்கி வந்ததும் பாதியை அவளிடம் நீட்டினார். வாங்கித் தின்றாள்.

ஊரின் இரைச்சல் எப்படி என்று பார்க்க ஒரு ராத்திரி இங்கே தங்கிப்பார்க்கிறேன் என்று கேட்டதும் அவள்தான்.

பத்து மணிக்குப் போலீஸ் சார்ஜென்ட் ரெமெதியோஸ் கெசாதா வந்தாள். குட்டையான பெண்மணி, குளிரில் மூக்கை உறிஞ்சிக்கொண்டே இருந்தாள். டாக்டர் சுருக்கமாகச் சொல்லிவிட்டார்: கரிப்புகை விஷம். ஜன்னல் இடுக்குகளில் குளிருக்காகப் போன வருஷமே காகிதம் ஒட்டியிருந்தது. கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. குளிர்காலம் வந்தால் இந்த மலையில் எங்காவது இப்படி ஒரு சாவு.

"விபத்து," என்றாள் சார்ஜென்ட், பேனாவை மூடியபடி.

சமையலறையில் என்கார்னி சோல்வெய்க்குக் காபி கொண்டுவந்து வைத்தாள். பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைத் தடவினாள்.

"ஒண்ணு சொல்றேன், மனசுல வெச்சுக்காதீங்க. மாமா சின்ன வயசுல கப்பல்ல வேலை பாத்தவரு. இங்கிலீஷு புரியும். அன்னைக்கு நீங்க மாடியில சொன்னது கீழ அவரு காதுல விழுந்திருக்கும்னு தோணுது. நேத்து ராத்திரி வாயில ஒண்ணும் வைக்கல. கரிய மட்டும் நெறையப் போடுன்னாரு. நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன். நீங்க வெளியூர்க்காரங்க, பாவம்."

சோல்வெய் காபிக் கோப்பையைத் தள்ளி வைத்தாள். வாய்க்குள் இன்னும் அந்த ஆரஞ்சின் புளிப்பு இருப்பது போலிருந்தது. எழுந்து நேராக முற்றத்துக்குப் போனாள். மாலை வகுப்பில் கற்ற ஸ்பானிஷில் தட்டுத்தடுமாறிச் சொன்னாள்.

"சார்ஜென்ட், இது விபத்து இல்ல. அவர் தானா செத்தார். என்னாலதான்."

கெசாதா மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "உக்காருங்க. முதல்லேர்ந்து சொல்லுங்க."

சொன்னாள். ஒன்றையும் மறைக்கவில்லை. என்கார்னி சொன்னதையும் சேர்த்துச் சொன்னாள்.

சார்ஜென்ட் எல்லாம் கேட்டுவிட்டு, வாசலில் புகைத்துக்கொண்டிருந்த ஹினேஸைக் கூப்பிட்டாள். அவன் எதிர்த்தெருவில் ரொட்டிக்கடை வைத்திருப்பவன், புருவத்தில்கூட மாவு.

"உங்க மாமாவுக்கு இங்கிலீஷ் தெரியுமா?"

"மாமாவுக்கா? அவருக்கு ஸ்பானிஷே கேக்காது சார்ஜென்ட். கோயில் மணி தலைக்கு மேல அடிச்சாலும் மணி என்னன்னு என்னைத்தான் கேப்பாரு."

"கப்பல்ல வேலை பாத்தாராமே?"

"கப்பலா! அவரு கடலப் பாத்ததே ரெண்டு தடவதான். ரெண்டு தடவயும் வாந்தி."

சோல்வெய்க்கு ஒன்றும் புரியவில்லை. சார்ஜென்ட் எழுந்து அறைக்குள் போய்ச் சூப் கிண்ணத்தை மூக்கருகே பிடித்துப் பார்த்தாள். பூண்டு வாசனை. வெளியே வந்தபோது குரல் மாறியிருந்தது.

"நேத்து சாயங்காலத்துலேர்ந்து நீங்க பாத்தது, கேட்டது எல்லாம் சொல்லுங்க. சின்ன விஷயம்னு எதையும் விட்டுடாதீங்க."

"என்கார்னி கணப்ப மூட்டி உள்ள வெச்சா. சூப் குடுத்தா. அவர் கதவத் தாழ் போட்டுக்கிட்டார், சத்தம் கேட்டுது. அப்புறம் என்கார்னி முற்றத்துல ஏதோ வேலை பாத்துட்டுப் போயிட்டா."

"அப்புறம்?"

"மழை பிடிச்சுது. கொஞ்ச நேரத்துல பூனை கத்துச்சு. ரொம்ப நேரம். இருட்டுல இறங்கி வந்து பாத்தேன். அவர் கதவுக்கு முன்னால நனைஞ்சுபோய் நின்னு பிராண்டிக்கிட்டு இருந்துது. பாவமா இருந்துது, தூக்கிட்டுப் போய்த் துடைச்சு..."

"அது எங்க தூங்குற பூனை?"

"அவர் அறையில. மேசைக்கடியில."

"எப்படி உள்ள போகும்?"

சோல்வெய் கதவின் அடிப்பக்கம் பார்த்தாள். இந்த ஊர்ப் பழைய கதவுகள் எல்லாவற்றிலும் இருப்பது போல, பூனை நுழைய ஒரு வட்டத் துவாரம். இரண்டு நாளாக அந்தப் பூனை அதில் போவதையும் வருவதையும் அவளே பார்த்திருக்கிறாள்.

"ஐயோ," என்றாள்.

"காலையில?"

"நான் முகம் கழுவிட்டு எட்டிப்பாத்தேன். என்கார்னி முற்றத்துல இருந்தா. தரை துடைக்கிற துணியப் பிழிஞ்சுக்கிட்டு இருந்தா. நான் வழுக்கி விழக்கூடாதுன்னு துடைக்கிறேன்னா."

"மழை?"

"பெய்ஞ்சுக்கிட்டுதான் இருந்துது."

ஹினேஸின் சிகரெட் விரலைச் சுட்டது. அவன் அதை உதறவில்லை.

சார்ஜென்ட் கெசாதா கதவடியில் குப்புறப் படுத்தாள். டார்ச் அடித்துத் துவாரத்தைப் பார்த்தாள். வருஷக்கணக்காகப் பூனை உரசிய விளிம்பில் அழுக்கும் ரோமமும் ஏறியிருக்கவேண்டும். விளிம்பு துடைத்துவிட்ட மாதிரி சுத்தமாக இருந்தது. மரச் சிராய் ஒன்றில் நீல நூல் இரண்டு இழை மாட்டியிருந்தது. முற்றத்துக் கொடியில் தொங்கிய தரைத்துணியும் நீலம்.

என்கார்னி சமையலறை வாசலில் வந்து நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று யாருக்கும் தெரியாது.

"என்கார்னி," என்றாள் சார்ஜென்ட் எழுந்து, முழங்காலைத் தட்டியபடி. "ஜன்னல்ல காகிதம் ஒட்டியாச்சு. அந்த அறைக்கு மூக்குன்னு இருந்தது இந்தத் துவாரம் ஒண்ணுதான். இதை நம்பித்தான் அவர் போன வருஷமும் பயமில்லாம கணப்பு வெச்சுக்கிட்டார். நேத்து அவர் தாழ் போட்டதும் வெளியிலேர்ந்து துணிய அடைச்சே. காலையில எடுத்தே. சரியா?"

"வெளியூர்க்காரி ஏதோ உளர்றா. நீங்களும்..."

"அவங்க உன்மேல ஒண்ணுமே சொல்லல. தன்மேலதான் பழி போட்டுக்கிட்டாங்க. பழிய அவங்க மடியில கொண்டுவந்து வெச்சதே நீதான். கேக்காத காதுக்குக் கேட்டுச்சுன்னே. வழிச்சுச் சாப்பிட்ட கிண்ணத்தப் பாத்துச் சாப்பிடலன்னே. எதுக்கு? நான் விபத்துன்னு மூடலேன்னா, தற்கொலைன்னாவது மூடணும்."

என்கார்னி கொடியில் தொங்கிய துணியைப் பார்த்தாள்.

"கதவு திறந்ததும் நீ மாமாவத் தொடல. பூனையத் தேடினே. போகவர வழி இருக்குற பூனையை யாராவது அறைக்குள்ள தேடுவாங்களா? அது வெளிய வரமுடியாதுன்னு தெரிஞ்சவங்கதான் தேடுவாங்க. அதுவும் உள்ள செத்துக் கிடக்கும்னு நெனச்சே. அது சாயங்காலமே வெளிய போயிருந்தது உனக்குத் தெரியல."

மழை ஓட்டிலிருந்து சொட்டியது. என்கார்னி மேலங்கியின் பொத்தானைப் போட்டாள், கழற்றினாள், மறுபடியும் போட்டாள்.

"பதினோரு வருஷம்," என்றாள். குரலில் அழுகையே இல்லை. "கால் நகம் வெட்டிவிட்டேன். மூத்திரத் துணி அலசினேன். மலாகாவுல பொண்ணு பிரசவத்துக்குக் கூப்பிட்டா, போகமுடியல. மூணு பேர் வந்து பாத்துட்டு ஓடினாங்க. வித்துட்டுப் போயிடலாம்னு நான் ஒவ்வொரு தடவயும்..." சோல்வெய்யைப் பார்த்தாள். "நாளைக்கேன்னு சொன்னது இவங்கதான். அதுவரைக்கும் யாரும் நாளைக்கேன்னு சொன்னதில்ல."

சார்ஜென்ட் அவளைக் கூட்டிக்கொண்டு போனாள்.

போகுமுன் சோல்வெய் கேட்டாள்: "என்மேல வழக்கு இல்லையா?"

"பேச்சுக்கு வழக்கு கிடையாது."

"பூனை அவ்வளவு நேரம் கத்துச்சு. நான் துடைச்சுவிட்டுத் தூங்கப்போயிட்டேன். ஒரு தடவ அந்தக் கதவத் தட்டியிருக்கலாம்."

சார்ஜென்ட் கெசாதா ஆறுதல் சொல்லத் தெரியாதவள். "தட்டியிருக்கலாம்," என்றாள். பிறகு கொஞ்சம் யோசித்து, "அவருக்குக் கேட்டிருக்காது," என்றாள்.

புதன்கிழமை அடக்கம். பூசை முடிந்ததும் ஊர் வழக்கப்படி வீட்டுக்காரர்கள் கோயில் வாசலில் வரிசையாக நின்று துக்கம் கேட்பவர்களுக்குக் கை கொடுக்கவேண்டும். ஹினேஸ் மட்டும்தான் நின்றான். சோல்வெய் துக்கம் கேட்க வந்தவர்களில் கடைசியாக நின்று மெதுவாக நகர்ந்து வந்தாள். தான் தங்கியிருந்த விடுதிக்காரியிடம் கேட்டு மனப்பாடம் செய்துவந்த துக்க வாசகம் அவன் முகத்தைப் பார்த்ததும் மறந்துபோனது.

"மன்னிச்சிடுங்க," என்றாள். "அப்படிப் பேசியிருக்கக்கூடாது. அந்த வீடு எனக்கு வேண்டாம்."

ஹினேஸ் அவள் கையை விடவில்லை.

"எங்க கடையிலேர்ந்து அந்த வீட்டுக்கு ஒரு தெருவத் தாண்டினாப் போதும்," என்றான். "தினமும் சுடச்சுட ரொட்டி குடுத்து அனுப்பினேன். பெரிய உபகாரம் பண்றதா நெனப்பு. ஒரு ஞாயித்துக்கிழமை, ஒரே ஒரு ஞாயித்துக்கிழமை, 'அக்கா, இன்னைக்கு மாமாவ நான் பாத்துக்கறேன், நீ மலாகா போயிட்டு வா'ன்னு நான் சொன்னதில்ல. அவளும் கேக்கல. கேக்காததால எல்லாம் சரியா இருக்குன்னு இருந்துட்டேன்."

ஆட்கள் இறங்கிப் போய்விட்டார்கள். பாதிரியார் கதவைச் சாத்தக் காத்திருந்தார். இரண்டு பேரும் என்ன செய்வதென்று தெரியாமல் அந்தப் படியிலேயே நின்றுகொண்டிருந்தார்கள்.