தலையணை உறைக்குள் வைத்த பிலிம்

அப்போதுதான் உறை பிரித்த பெட்டி. அதிலிருந்து எடுத்த பிலிம் கழுவிப் பார்த்தால் ஓரமெல்லாம் கறுத்திருந்தது. வெளிச்சம் படாத பிலிம் தானாகக் கறுக்காது. அவளுக்கு உடனே கணவன்மேல்தான் சந்தேகம் போனது.

அவன் ஓவியன். பழைய கைக்கடிகாரங்களில் இருட்டில் மினுங்கும் எண்கள் இருக்குமே, அந்த ரேடியம் பூச்சைச் சுரண்டிப் பட்டறையில் பிலிம்மேல் தூவி, மூடிவைத்து வாரக்கணக்கில் காத்திருப்பான். கதிர் பட்ட இடம் கறுத்து, படம் தன்னைத்தானே வரைந்துகொள்ளும். அணு யுகமே வந்து கையெழுத்துப் போட்டதுபோல் இருக்கிறதென்று கண்காட்சிக்கு வந்தவர்கள் வாய் பிளந்தார்கள். அந்தப் பிலிம்களை வீட்டு இருட்டறையில் கழுவுவதும், படத்தில் விழுந்த புள்ளிகளைத் தூரிகையால் அடைப்பதும் அவள் வேலை. நுனி கூராக இருக்கட்டுமென்று தூரிகையை உதட்டில் வைத்து ஈரப்படுத்திக்கொள்வாள், பழக்க தோஷம்.

"அந்தச் சரக்கை வீட்டுக்குள்ள எங்கயாவது ஒளிச்சு வச்சிருக்கீங்களா?"

"பட்டறையை விட்டு வெளிய வந்ததே இல்ல. உனக்கு எதைப் பார்த்தாலும் பயம்."

கண்ணைப் பார்த்துச் சொல்லவில்லை அவன். பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டுவிடுமா?

அவள் வேறொரு பிலிமைக் கருப்புக் காகிதத்தில் சுற்றி, மகளின் தலையணை உறைக்குள் நுழைத்தாள். சுத்தமாக வந்தால் நிம்மதி. கறுத்து வந்தால், குழந்தையைத் தூக்கிக்கொண்டு அன்றே கிளம்பிவிடுவதென்று முடிவு கட்டியிருந்தாள்.

சில வாரம் கழித்து, மகள் பள்ளியிலிருந்து வருவதற்குள் பார்த்துவிடலாமென்று இருட்டறைக்குள் போய்த் தாழ் போட்டாள். மருந்து நெடி தொண்டையைக் கரித்தது. சிவப்பு விளக்கின் கீழே பிலிமைத் தொட்டியில் ஆட்டிக்கொண்டு, சொட்டுகிற குழாயையும் தன் மூச்சையும் மாறிமாறிக் கேட்டுக்கொண்டு, எதுவும் வராதே, எதுவும் வராதே என்று வேண்டியபடி நின்றாள்.

வந்தது.

நடுவில் வெளுத்த வட்டம். குழந்தையின் தலை. இருபுறமும் கறுப்புக் கோடுகள். கோடுகள் அல்ல. விரல்கள். இரண்டு கைகள் அந்தச் சின்னத் தலையை ஏந்திப் பிடித்திருந்தன.

"பாவி மனுஷா, இந்தக் கையோடயா பிள்ளையைத் தொட்டே?" என்று வாய்விட்டே சொன்னாள்.

பிறகுதான் உற்றுப் பார்த்தாள். விரல்கள் மெலிந்திருந்தன. ஒன்றில் மட்டும் மெல்லிய வெள்ளை வளையம். அவன் மோதிரம் போடுவதில்லை.

தினமும் தலையை ஏந்தித் தூங்க வைப்பது யார்?

விளக்கை அணைத்தாள். அறை இருளவில்லை.

தொட்டி தெரிந்தது. பிலிம் தெரிந்தது. அவளுடைய பத்து விரல்களும் பச்சையாக எரிந்துகொண்டிருந்தன.

கதவு தட்டப்பட்டது.

"அம்மா, வந்துட்டேன். பசிக்குதும்மா."

"உள்ள வராதேடி! அப்பாகிட்டப் போ!"

"கதவுக்கு அடியில வெளிச்சம் வருதே, என்னம்மா அது?"

குழந்தை தரையில் குப்புறப் படுக்கிற சத்தம் கேட்டது. கதவிடுக்கில் நுழைந்து துழாவின ஐந்து சின்ன விரல்கள். அவையும் பச்சையாக இருந்தன.