வாயாடி பேசவில்லை

இரண்டாவது கடற்கரையை விட்டுக் கிளம்பியதிலிருந்து வாயாடி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

வீட்டில் அவளுக்கு அதுதான் பெயர். கடல் ஏன் உப்பு, காக்கா ஏன் நீந்தாது, உனக்கு மட்டும் ஏன் வழுக்கை என்று வழிநெடுக அப்பாவின் உயிரை எடுத்தவள். இப்போது பின்சீட்டில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. ஜன்னல்களை ஏற்றிவிட்டிருந்தும் அழுகிய பாசியின் நாற்றம் அவன் கழுத்துக்குப் பின்னால் வந்து நின்றது. ரப்பர் விரிப்பின் மேல் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது.

தினமும் சுற்றுலாக்காரர்களை ஏற்றிக்கொண்டு இதே கடலோரச் சாலையில் வேன் ஓட்டுகிறவன் அவன். கரைக்குக் கரை நிறுத்துவான். நேரமானதும் குட்டையாக இரண்டு, நீளமாக ஒன்று என்று ஹாரன் அடிப்பான். பின்கதவு உருளும், வண்டி ஒரு பக்கம் தாழ்ந்து எழும்; ஆள் ஏறியாச்சு. திரும்பிப் பார்க்கிற பழக்கமே கிடையாது. இன்று லீவு. "ஊர்ல இருக்கிறவங்களை எல்லாம் கூட்டிட்டுப் போற, என்னை மட்டும் கூட்டிட்டுப் போக மாட்டேங்குற" என்று மூக்கைச் சிந்திய மகளுக்காக வண்டியை எடுத்தான். தானும் சுற்றுலாக்காரிதான் என்று அவள் பின்னால்தான் உட்கார்ந்தாள். அவளுக்கும் அதே ஹாரன்தான் அடித்தான். வண்டி தாழ்ந்தது. "அப்பா, போலாம்" என்று கேட்டது. கிளம்பிவிட்டான்.

போன் அடித்தது. மனைவி.

"ஏங்க, அவ சத்தத்தையே காணோம்? தண்ணில இறக்கிவிடலையே?"

"இல்லம்மா. களைச்சுப் போயிட்டா." ஸ்பீக்கரைப் போட்டான். "வாயாடி, அம்மா பேசுறா பாரு."

"அப்பா, போலாம்."



"யாருங்க அது?" என்றாள் மனைவி.

அவன் கை தானாகக் கண்ணாடியைத் திருப்பியது. சீட்டின் நடுவே சின்னதாக ஓர் உருவம். முகத்தை மூடி, மடிவரை ஈரமுடி தொங்கியது. போன வாரம்தான் பேன் தொல்லை தாங்காமல் மகளுக்கு முடியை ஒட்ட வெட்டிவிட்டிருந்தார்கள்.

வண்டியை அப்படியே திருப்பினான். பின்னால் எது வேண்டுமானாலும் உட்கார்ந்திருக்கட்டும். பிள்ளை அங்கே தனியாக நிற்கிறாள்! விட்டுவிட்டு வந்துவிட்டேனே, பாவி, பெற்ற பிள்ளையை விட்டுவிட்டு வந்துவிட்டேனே என்று வாய்விட்டு அழுதுகொண்டே மிதித்தான்.

கரையில் யாருமில்லை. வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. அவள் கட்டிய மணல் வீடு பாதியில் நின்றது. அங்கிருந்து சின்னக் காலடிகள், வேன் நின்றிருந்த இடத்துக்கு ஓடியிருந்தன. சக்கரத் தடத்தின் பின்னாலேயே ஓடியிருந்தன. ஓரிடத்தில் முழங்கால் பதிந்திருந்தது. விழுந்திருக்கிறாள். எழுந்திருக்கிறாள்.

பிறகு காலடிகள் கடல் பக்கம் திரும்பியிருந்தன. இருபுறமும் வேறு சின்னக் காலடிகள்.

"வாயாடீ! அம்மாடீ! அப்பா வந்துட்டேன்டா!"

காற்று குரலைத் தின்றது. அவளுக்குத் தெரிந்த சத்தம் ஒன்றுதான். ஓடிப்போய் உட்கார்ந்து ஹாரனை அழுத்தினான். குட்டையாக இரண்டு. நீளமாக ஒன்று.

கதவு உருண்டது. வண்டி தாழ்ந்தது.

"அப்பா, போலாம்."

அவள் இல்லை. மறுபடி அடித்தான். அலைக்குள்ளிருந்து தலைகள் எழுந்தன. வரிசையாக. எல்லாம் அவள் உயரம்.

வண்டி தாழ்ந்தது. "அப்பா, போலாம்." தாழ்ந்தது. "அப்பா, போலாம்."

நிறுத்த முடியவில்லை. அடுத்தது அவளாக இருந்தால்? அடித்தான். சீட்டெல்லாம் நிறைந்தது. தண்ணீர் அவன் கணுக்காலுக்கு வந்தது. டயர்கள் மணலில் புதைந்தன. அடித்தான்.

கதவு உருண்டு சாத்திக்கொண்டது.

அப்போதுதான் வெளியே, இருட்டிலிருந்து, மூச்சு வாங்க ஒரு குரல் கேட்டது.

"அப்பா, ஏன்ப்பா என்னை விட்டுட்டுப் போன? உள்ள இருக்கிறவங்கள்லாம் யாருப்பா?"

கேள்வி. அவளேதான்.

பாய்ந்து கதவைத் திறக்கப் போனான். கைப்பிடியின் மேல் ஏற்கெனவே கைகள் இருந்தன. சின்னச் சின்னக் கைகள், ஊறி வெளுத்தவை, ஒன்றன்மேல் ஒன்றாக. ஒன்று முன்னால் நீண்டு, மெதுவாகச் சாவியைத் திருப்பியது. ஜன்னல் கண்ணாடியை வெளியிலிருந்து அவள் தட்டிக்கொண்டே இருந்தாள்.

"அப்பா," என்றன எல்லாம் சேர்ந்து, "போலாம்."