சம்பந்தி நாற்காலி காலியாக இருந்தது!

"ஐயோ...!"

செயலாளர் அம்மாவின் அலறல் மூன்றாவது மாடி வராந்தாவின் ஒரு மூலையில் கிளம்பி, மறு மூலையில் போய் முட்டியது.

மதியம் ஒன்று நாற்பது.

கமிட்டி அறை. நீள மேஜை. மேஜைக்கு அடியில்... குப்புற விழுந்து கிடந்தார் தலைவர்!

பக்கத்தில் கவிழ்ந்த ஃப்ளாஸ்க். அதிலிருந்து சர்க்கரை இல்லாத காபி கோடு போட்டு, அவருடைய வழுக்கைத் தலையைத் தேடி ஊர்ந்துகொண்டிருந்தது.

சாப்பாட்டு அறையிலிருந்து ஆறு பேர் தடதடவென்று ஓடி வந்தார்கள்.

ஆறு பேருமே டாக்டர்கள்!

மக்களுக்கு நோய் வராமல் தடுப்பது எப்படி என்று புத்தகம் போடும் நிபுணர் குழு அது. யார், எந்த வயதில், எந்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும், எது வீண் வேலை... எல்லாம் அந்த மேஜையைச் சுற்றி உட்கார்ந்துதான் முடிவாகும்.

ஆறு டாக்டர்களும் தலைவரைச் சுற்றி நின்றார்கள். குனிந்தார்கள். பார்த்தார்கள்.

ஒருவரும் தொடவில்லை!

"யாராவது பல்ஸ் பாருங்களேன்!" கத்தினார் செயலாளர் அம்மா.

"நீங்க பாருங்க சார். நீங்கதான் துணைத்தலைவர்."

துணைத்தலைவர் ஒரு அடி பின்னால் போனார். அவர் சிறுநீரக டாக்டர். "நான் கடைசியா பல்ஸ் பிடிச்சு பன்னெண்டு வருஷம் ஆச்சுய்யா. இப்பல்லாம் கட்டுரை மட்டும்தான் பார்க்கிறேன். லப்டப், நீங்க பாருங்க. நீங்கதானே இதய டாக்டர்?"

லப்டப் என்று பெயர் வாங்கிய அந்த அம்மாள் கையைப் பிசைந்தார். "ரிட்டையர் ஆனப்புறம் நான் என் இதயத்தையே தொட்டுப் பார்த்ததில்ல சார்!"

"ஒரு நிமிஷம்..." மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டார் புள்ளிவிவர டாக்டர். எதற்கெடுத்தாலும் 'ஆதாரம் எங்கே?' என்று கேட்டுக் கேட்டு, 'ஆதாரம்' என்பதே அவருடைய பெயராகிவிட்டது. "மயங்கினவரை குப்புறப் போடறதா, மல்லாக்கப் போடறதா? இதுல ரெண்டு ஆய்வு இருக்கு. ரெண்டும் ஒத்துப்போகல..."

"தள்ளுங்க சார்! காத்து வரட்டும்!"

தலைவரின் டிரைவர்! கார் சாவியைப் பாக்கெட்டில் திணித்துக்கொண்டு உள்ளே புகுந்தார். தலைவரைப் புரட்டினார். காலர் பொத்தானைக் கழற்றினார். வாயருகே காதை வைத்தார். கழுத்தில் இரண்டு விரல். கால் இரண்டையும் தூக்கி நாற்காலி மேல் வைத்தார்.

"மூச்சு இருக்கு! பல்ஸ் சன்னமா ஓடுது! ஆம்புலன்ஸுக்கு போன் போடுங்க!"

ஆறு டாக்டர்களும் ஒரே நேரத்தில் போன் போட்டார்கள். ஆறு பேருக்கும் லைன் பிஸி!

"இதெல்லாம் எங்கேய்யா கத்துக்கிட்டே?" லப்டப் வாயைப் பிளந்தார்.

"நீங்க போட்ட புத்தகத்துலதான் மேடம். பக்கம் பதினொண்ணு. முதலுதவி எல்லாரும் கத்துக்கணும்னு எழுதியிருந்தீங்க. நான் போய் கத்துக்கிட்டேன்."

ஆறு பேரும் தரையைப் பார்த்தார்கள்.

டிரைவர் தலைவரின் காபி டம்ளரைக் கையில் எடுத்தார். உள்ளே பார்த்தார்.

"சார்... அடியில வெள்ளையா என்னவோ மாவு மாதிரி கரையாம கிடக்கே?"

ஆறு டாக்டர்களும் அவரவர் டம்ளரை எட்டிப் பார்த்தார்கள்!

*

ஆம்புலன்ஸ் போனது. போலீஸ் வந்தது.

இன்ஸ்பெக்டர் நாற்பது வயதுப் பெண்மணி. தொப்பியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"ரூம் நிறைய டாக்டர். டிரைவர்தான் காப்பாத்தினாரா?"

"எங்களுக்கு நோய் வராம தடுக்கத்தான் மேடம் தெரியும்." லப்டப்பின் குரல் இறங்கியது. "வந்துட்டா நாங்களும் டாக்டர்கிட்டதான் போவோம்."

இன்ஸ்பெக்டரின் உதட்டோரம் துடித்தது. அடக்கிக்கொண்டார்.

செயலாளர் அம்மாவின் போன் அலறியது. தலைவரின் மனைவி! ஸ்பீக்கரில் போட்டார்.

"இங்க ஆஸ்பத்திரியில இருக்கேன்மா... ப்ரெஷர் பாதாளத்துக்குப் போயிடுச்சாம். பிழைப்பாரான்னு இன்னும் சொல்ல முடியாதாம்..." குரல் உடைந்தது. உடனே சுதாரித்துக்கொண்டு சீறியது. "பத்து வருஷமா தலைப்பாடா அடிச்சுக்கிறேன், ஒரு தடவை உடம்பைக் காட்டுங்கன்னு! 'நான் புத்தகம் எழுதறவன்டி, எனக்கே சொல்றியா'ன்னு கேட்பார். முப்பது வருஷம் ஊதித் தள்ளின சிகரெட்டு! அதை விட்டதுக்கு ஊரெல்லாம் பெருமை பீத்திக்கிட்டார். ஒரு ஸ்கேன்? ஒரு டெஸ்ட்? ம்ஹூம்! எவன்மா அவருக்கு காபியில கலந்தான்? கண்டுபிடிங்க. நான் வந்து நாலு வார்த்தை கேட்கணும்!"

லைன் துண்டானது.

இன்ஸ்பெக்டர் ஆதாரத்தின் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க. இன்னிக்கு இங்க என்ன வேலை?"

"மூணு மணிக்கு நாலாவது தீர்மானம் மேடம். புதுசா ஒரு ரத்தப் பரிசோதனை வந்திருக்கு. நாப்பது தாண்டின எல்லாரும் வருஷா வருஷம் அதைப் பண்ணிக்கணுமா, வேணாமா? நாங்க சரின்னு சொன்னா ஊரே கையை நீட்டும். வேணாம்னு சொன்னா அதைத் தயாரிக்கிற கம்பெனி ஷட்டரை இறக்கிடும்."

"நல்ல பரிசோதனையா?"

"நல்லா இருக்கிறவனைப் பிடிச்சு நோயாளிங்குது. பத்துக்கு நாலு தப்பு."

"அப்புறம் எதுக்கு ஓட்டு?"

"எங்க ஆறு பேர்ல மூணு பேர் வேணும்ங்கிறாங்க, மூணு பேர் வேணாம்ங்கிறோம். நூறு பக்கம் படிச்சிட்டு நூறு மாதிரி புரிஞ்சிக்கிறது எங்க தொழில் மேடம். சமமா நின்னா தலைவர் ஓட்டுதான் முடிவு. அவர் வேணாம்னு காலையிலேயே சொல்லிட்டார்."

"தலைவர் இல்லேன்னா?"

"துணைத்தலைவர் அந்த நாற்காலிக்கு வருவார். அவர் ஓட்டு ரெண்டா ஆயிடும். அவர்... வேணும்ங்கிற கட்சி."

எல்லோர் கண்ணும் ஒரு பக்கம் திரும்பியது.

"என்னய்யா பார்வை?" துணைத்தலைவர் பொங்கினார். "பத்தொம்பது வருஷமா இருக்கேன் இந்தக் கமிட்டியில! ஒரு பேனா கூட வீட்டுக்கு எடுத்துட்டுப் போனதில்ல!"

"வேணும்னு சொல்ற மத்த ரெண்டு பேர்?"

குழந்தை டாக்டரும் தோல் டாக்டரும் சேர்ந்தாற்போல் கையைத் தூக்கினார்கள். "நாங்க சாப்பாட்டு ரூமை விட்டு நகரவே இல்ல மேடம்! ஒரே ஒரு கட்லெட்தான் மிச்சம் இருந்தது. யாருக்குன்னு விவாதம் ஓடிட்டிருந்தது."

"அந்தக் கம்பெனியோட யாருக்காவது சம்பந்தம் உண்டா?"

செயலாளர் அம்மா ஒரு கோப்பைத் திறந்தார். "காலையில எல்லாரும் படிவம் எழுதிக் கொடுத்தாச்சு மேடம். தனக்கோ சொந்தக்காரங்களுக்கோ தொடர்பு உண்டான்னு கேட்டிருக்கு. எல்லாரும் 'இல்லை'ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்காங்க."

இன்ஸ்பெக்டர் எழுந்தார். அறையை ஒரு சுற்று வந்தார். கதவைத் திறந்து வராந்தாவைப் பார்த்தார். அங்கே சுவரோரம் ஒரே ஒரு இரும்பு நாற்காலி. காலியாக.

"இது எதுக்கு இங்க அநாதையா கிடக்கு?"

"அதுவா? அதுதான் சம்பந்தி நாற்காலி!" அந்தக் கலவரத்திலும் செயலாளர் அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஒரு தீர்மானத்துல யாருக்காவது தொடர்பு இருந்தா, அவர் எழுந்து போய் அதுல உட்காரணும். ஓட்டு முடிஞ்சாத்தான் உள்ளே வரலாம். அதிகமா உட்கார்ந்தது துணைத்தலைவர் சார்தான். அவர் தம்பி உப்பு வியாபாரம் பண்றார். உப்புன்னு பேச்சு வந்தா போதும், டம்ளரைத் தூக்கிட்டுக் கிளம்பிடுவார். அவ்வளவு நேர்மை மேடம்!"

இன்ஸ்பெக்டர் அந்த நாற்காலியையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு திரும்பினார்.

"மணி மூணு. நீங்க கூட்டத்தை நடத்துங்க."

"இப்பவா?" லப்டப் திடுக்கிட்டார். "அவர் அங்க உசிருக்குப் போராடறாரே!"

"வழக்கமா எப்படி நடத்துவீங்களோ அப்படியே நடத்துங்க. ஒரு வார்த்தை கூடக் குறையக் கூடாது. நான் ஓரமா உட்கார்ந்துக்கிறேன்."

"விதி அதைத்தான் சொல்லுது," என்றார் துணைத்தலைவர் அவசரமாக. தலைவரின் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கைக்குட்டையால் நெற்றியை ஒற்றிக்கொண்டார்.

செயலாளர் அம்மா மணியைத் தட்டினார்.

டிங்!

பத்தொன்பது வருடமாக அவர் ஒப்பிக்கும் அதே வரி. அதே ராகம்.

"தீர்மானம் நாலு. புதிய ரத்தப் பரிசோதனை. இதில் தொடர்புள்ள உறுப்பினர்கள் தயவுசெய்து வெளியே செல்லவும்..."

சரக்!

ஒரு நாற்காலி பின்னால் நகர்ந்தது.

துணைத்தலைவர் எழுந்தார். டம்ளரை எடுத்தார். கண்ணாடிக் கூட்டை எடுத்தார். மேஜையைச் சுற்றிக்கொண்டு நடந்தார். கதவின் கைப்பிடியில் கை வைத்தார்...

நின்றார்.



துணைத்தலைவர் தன் கையில் இருந்த டம்ளரைப் பார்த்தார். கைப்பிடியைப் பார்த்தார். அவர் முகத்திலிருந்த ரத்தம் முழுவதும் வடிந்தது.

"நான்... பாத்ரூம்..."

"பாத்ரூமுக்கு டம்ளர் எதுக்கு சார்?" என்றார் இன்ஸ்பெக்டர்.

பத்தொன்பது வருடப் பழக்கம்! காலையில் பொய் எழுதியது கை. காலுக்கு மட்டும் யாரும் சொல்லி வைக்கவில்லை!

"காலையில மூணு படிவம் கேட்டு வாங்கினாரே!" செயலாளர் அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். "ரெண்டைக் கசக்கிப் போட்டுட்டார். பேனா எழுதலைன்னு நினைச்சேன்!"

"பாக்கெட்ல இருக்கிறதை மேஜையில வைங்க."

ஒரு கைக்குட்டை. ஒரு சாவி. ஒரு ஏழு அறை மாத்திரை டப்பா. மறதிக்காரர்களுக்கு என்று பக்கம் பதினேழில் அந்தக் குழு சிபாரிசு செய்த அதே டப்பா!

இன்ஸ்பெக்டர் திறந்தார்.

"இன்னிக்கு செவ்வாய். இன்னிக்கு மாத்திரை போட்டாச்சு, சரி. புதன் எங்க? வியாழன் எங்க? வெள்ளி, சனி எல்லாம் எங்க சார்?"

துணைத்தலைவர் அப்படியே சரிந்து உட்கார்ந்தார்.

"ப்ரெஷர் மாத்திரை... நாலு. லஞ்சுக்குக் கிளம்பறப்ப அவர் டம்ளர்ல பொடி பண்ணிப் போட்டேன்." குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "கொல்லணும்னு இல்ல மேடம். சத்தியமா இல்ல. தலை சுத்தும், வீட்டுக்குக் கிளம்பிடுவார்னுதான்... அந்தக் கம்பெனி என் மாப்பிள்ளையோடது. பொண்ணு போன்ல அழுதா. 'அப்பா, எல்லாத்தையும் இதுல போட்டிருக்கோம், உங்க கையிலதான் இருக்கு'ன்னா. என்னால தாங்க முடியல."

"மாப்பிள்ளைன்னு சொல்லிட்டு வெளியே போயிருந்தா?"

"ரெண்டுக்கு மூணு. தோத்திருக்கும்."

"அதுக்காக இருபத்தஞ்சு வருஷ சிநேகிதனுக்கு..." லப்டப்பின் கண் கலங்கியது. "அவர் பேத்தி காதுகுத்துக்குக் கூட நீங்கதானே முன்னால நின்னீங்க... ச்சே! போங்க சார்!"

அப்போது மறுபடியும் போன் அலறியது.

ஆஸ்பத்திரி!

துணைத்தலைவர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். டிரைவர் சுவரில் சாய்ந்தார். செயலாளர் அம்மா ஸ்பீக்கரில் போட்டார்.

"டியூட்டி டாக்டர் பேசறேன்." இளம்பெண் குரல். "கண் முழிச்சுட்டார். ப்ரெஷர் ஏறிடுச்சு. உசிருக்கு ஆபத்தில்ல."

"அப்பாடா!" ஏழெட்டு பெருமூச்சு.

"ஒரு நிமிஷம், இன்னும் இருக்கு. பெரியவங்க மயங்கி விழுந்து ப்ரெஷர் இறங்கி வந்தா, நாங்க உடனே வயித்துல ஸ்கேன் பண்ணுவோம். பண்ணினோம். வயித்துல ஓடற பெரிய ரத்தக்குழாய் பலூன் மாதிரி வீங்கிக் கிடக்கு! இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா வெடிச்சிருக்கும். வெடிச்சா ஆள் தேறறது ரொம்பக் கஷ்டம். நல்ல நேரத்துல மயங்கினார்! சாயந்திரமே ஆபரேஷன். சரி பண்ணிடலாம்."



"எனக்கு ஒண்ணுதான் புரியல," போனில் குரல் தொடர்ந்தது. "அறுபத்தஞ்சு தாண்டின, சிகரெட் பிடிச்ச ஆம்பளைங்க ஒரு தடவை வயித்துல ஸ்கேன் எடுத்துக்கணும்னு ஒரு கமிட்டி புத்தகம் போட்டிருக்கு. பக்கம் இருபத்திமூணு. எங்க வார்டு சுவத்துல கூட ஒட்டியிருக்கோம். படிச்ச மனுஷன், அதைப் படிச்சதே இல்லையா?"

ஆதாரம் தொண்டையைக் கனைத்தார்.

"படிச்சதில்லம்மா. எழுதினார்."

*

நாலாவது தீர்மானம் இரண்டுக்கு மூன்று என்ற கணக்கில் தோற்றது. துணைத்தலைவர் அப்போது சம்பந்தி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு கான்ஸ்டபிள்.

ஓட்டு முடிந்ததும் லப்டப் எழுந்து நின்றார்.

"இன்னொரு தீர்மானம். இந்த ரூம்ல இருக்கிற எல்லாரும் நாளைக்கு காலையில வெறும் வயித்தோட லேபுக்குப் போறோம். சாயந்திரம் டிரைவர் நமக்கு முதலுதவி கிளாஸ் எடுக்கிறார்."

"லேட்டா வந்தா உள்ளே விட மாட்டேன் மேடம்," என்றார் டிரைவர்.

கீழே ஜீப் உறுமிக்கொண்டு நின்றது. துணைத்தலைவர் ஒரு காலைத் தூக்கி உள்ளே வைத்தார். சட்டென்று திரும்பினார். அவர் கண்ணில் திடீரென்று ஒரு மின்னல்!

"இன்ஸ்பெக்டர் மேடம்! ஒரே ஒரு கேள்வி! நான் மாத்திரை போட்டதாலதானே அவர் மயங்கினார்? மயங்கினதாலதானே ஸ்கேன்? ஸ்கேன் எடுத்ததாலதானே உசிர் தப்பிச்சார்? அப்ப நான் செஞ்சது குத்தமா, தடுப்பு சிகிச்சையா?"

இன்ஸ்பெக்டர் திரும்பினார். வழியனுப்ப வந்த ஆதாரத்தைப் பார்த்தார். "என்ன சார் சொல்றீங்க? நீங்கதானே நிபுணர்?"

ஆதாரம் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டார். நிதானமாக யோசித்தார்.

"மொத்தமே ஒரு நோயாளி. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொருத்தர் இல்ல. ஆராய்ச்சி பண்ணினவர் கம்பெனிக்காரரோட மாமனார். ஆதாரம் போதாது மேடம்... நீங்க வண்டியை எடுங்க!"