ஒன்று பத்துக்கு மேரி எங்கே போனாள்?

1981, செப்டம்பர் மாதத்தில் ஒரு புதன்கிழமை. பிற்பகல் 2.20.

மேரி மரப்பெட்டியைத் திறந்தாள். உள்ளே நான்கு செங்கற்கள் இருந்தன.

இருந்திருக்க வேண்டியது லெவல் கருவி. மேடு எது, பள்ளம் எது என்று நூல் பிசகாமல் சொல்லும் பித்தளைத் தூரக்கண்ணாடி. அந்த ஆபீசுக்கே அது ஒன்றுதான். கையெழுத்துப் போட்டு வாங்கி வைத்திருந்தவள் மேரி.

உத்திரமேரூரில் ஏரிக்குப் போகிற சாலையில் அந்நாளில் இருந்த ஒரு சர்க்கார் கட்டடப் பிரிவு ஆபீஸ் அது. பெயர் வேண்டாம், சொன்னால் வம்பு. மேரி அங்கே ஓவர்சியர். மானாம்பதியில் கூலிக்கு ஏர் ஓட்டுகிற அருள்தாஸின் மகள். பாலிடெக்னிக்கில் நாற்பது பையன்களுக்கு நடுவே ஒற்றைப் பெண்ணாக உட்கார்ந்து படித்தவள். “செங்கல் சுமக்கறதுக்கு எதுக்குடி மூணு வருஷம் படிப்பு?” என்று தெருவே கேட்டது. அவள் பதில் சொல்லாமல் வேலை உத்தரவை வாங்கி வந்தாள். இப்போது பதினொரு மாதம் ஆகிவிட்டது. சோதனைக்காலம் முடிய இன்னும் இருபதே நாள். கருவியைத் தொலைத்தவளை யார் நிரந்தரம் ஆக்குவார்கள்? மூட்டை கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

மேனேஜர் கிருஷ்ணசாமி ஓடி வந்தார். ஆபீஸ் ஆண்கள் அத்தனை பேரும் வாசலில் கூடிவிட்டார்கள்.

“காலையில பத்தரைக்கு நீதானேம்மா தொடச்சி வச்சே? நானே பாத்தேன். அப்புறம் எங்கியாவது போனியா?”

“இல்ல சார். சீட்ட விட்டு எழுந்திரிக்கவே இல்ல.”

“அப்ப பேயா தூக்கிக்கினு போச்சு?”

மேரி அலமாரி, பரண், சிமெண்டு கொட்டகை என்று ஒரு மணி நேரம் தேடினாள். கிடைக்கவில்லை. கிருஷ்ணசாமி போலீசுக்குப் போன் போட்டார்.

3.30.

சந்தேகம் ஒரு பெண்ணின் மேல். ஆகவே காஞ்சிபுரத்திலிருந்து பந்தோபஸ்துக்கு வந்திருந்த ஹெட் கான்ஸ்டபிள் செங்கேணியை அனுப்பினார்கள். போலீஸ் உடுப்பில் பெண்ணைப் பார்த்தால் தெருவே வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்த காலம் அது. செங்கேணிக்கு அதெல்லாம் பழகிவிட்டது. பழகாதது ஒன்றுதான். விடிகாலை ஐந்து மணிக்குப் பஸ் ஏறியவள். வந்ததும் வராததுமாகப் பியூன் பச்சமுத்துவைத் தனியே கூப்பிட்டுக் கேட்டாள்.

“ஏன் நைனா, இங்க கக்கூஸ் எங்க கீது?”

பச்சமுத்து நெளிந்தான். “பின்னாடி ஒண்ணு கீதுமா. ஆனா அது இந்த ஆபீசு பெரிய ஐயாவோடது. அவரு கேம்ப்பு போயி நாலு நாளாச்சு, பூட்டிக் கெடக்குது. சாவி மேனேஜரு ரூமு ஆணியில தொங்கும். ஆம்பளைங்க நாங்க எங்கியோ செவுரு பாத்து ஒதுங்கிக்குவோம்.”

“செவுரு பாத்துக்கோ, நல்லா இரு,” என்றாள் செங்கேணி. பல்லைக் கடித்துக்கொண்டு விசாரணையைத் தொடங்கினாள்.

மேரியின் அறைக்கு ஒரே வாசல், கம்பி போட்ட ஒரே ஜன்னல். மேசைக்குப் பக்கத்தில் தண்ணீர்ப் பானை தளும்ப நின்றது.

“அத்த பாருமா,” என்றான் பச்சமுத்து. “தெனம் நான் ரொப்பறேன், தெனம் நானே கொட்டறேன். ஒரு வாய் குடிக்காது இந்தப் பொண்ணு.”

செங்கேணி ஒரு செங்கல்லை எடுத்துத் திருப்பினாள். ஒரு பக்கம் பச்சைப் பாசி. பிறகு மேரியின் புடவைக் கரையைப் பார்த்தாள். வரிசையாக நாயுருவி முள் ஒட்டியிருந்தது. மேரி சட்டென்று கரையை இழுத்துக்கொண்டாள்.

“இந்தக் கருவிக்கு அடுத்து இன்னா வேலை இருந்துச்சு?” என்று மேரியைக் கேட்டாள்.

“பெருநகர் போற வழியில ஒரு சிறுபாலம் கட்டிக்கினு கீறாங்கமா. அதோட அடித்தளம் அரையடி மேல ஏறிப்போச்சு. மழை வந்தா தண்ணி வெளிய போவாது, காலனி வூட்டுக்குள்ள திரும்பும். போன வாரமே சொன்னேன். நாளைக்கு ஜில்லா ஆபீசுலேர்ந்து பெரிய இன்ஜினீயர் வராரு. அவரு எதிர்ல அளந்து காட்டணும்.”

“பாலம் யாரோட பொறுப்பு?”

“ஏகாம்பரம் சாரு. சரின்னு கையெழுத்துப் போட்டது மேனேஜர் சாரு.”

ஆக, கருவி தொலைந்ததால் நிம்மதியாகத் தூங்கக்கூடியவர்கள் இரண்டு பேர். பச்சமுத்துவையும் விட முடியாது. மேரியின் வேலை தன் மச்சான் மகனுக்குக் கிடைத்திருக்க வேண்டியது என்று அவன் டீக்கடையில் புலம்பாத நாள் இல்லை.

3.55.

கிருஷ்ணசாமி முதலில் வந்தார்.

“சாப்பாட்டு வேளையில எங்க இருந்தீங்க?”

“பன்னெண்டே முக்காலுக்கு வூட்டுக்குப் போனேன். ரெண்டுக்குத்தான் வந்தேன். மத்த மூணு கிளார்க்குங்களும் அப்பிடித்தான்.”

“மேரி அறையில இருந்தாங்களா?”

“நான் இல்லாதப்ப எனக்கெப்படிம்மா தெரியும்?”

அடுத்தது பச்சமுத்து. “ஏகாம்பரம் ஐயா ஒரு மணிக்கு வெத்தல பாக்கு வாங்கியாரச் சொன்னாரு. கடைத்தெருவுல கும்பல். திரும்பி வரங்காட்டியும் ஒண்ணே முக்காலு. அந்தப் பொண்ண நான் பாக்கல.”

கடைசியாக ஓவர்சியர் ஏகாம்பரம். பதினெட்டு வருஷ சர்வீஸ். கண்ணால் பார்த்தே லெவல் சொல்லுவேன் என்று மார்தட்டுகிற மனிதர். வழிகிற வியர்வையைச் சட்டைக் கையால் துடைத்தபடி உட்கார்ந்தார்.

“நான் எங்கியும் போவலம்மா. மேரி ரூமு வாசலுக்கு எதிர்லதான் பேப்பர் படிச்சிக்கினு இருந்தேன். அது வெளிய வரவும் இல்ல, வேற ஆளு உள்ள போவவும் இல்ல. ஒரு ஈ கூட நுழையல. தங்கச்சி மாதிரி பழகின பொண்ணு. அதான் எனக்கே பேஜாரா கீது.”

“பாவம், உங்களுக்கு எவ்ளோ மனசு,” என்றாள் செங்கேணி.

4.15.

செங்கேணி கட்டடத்தின் பின்பக்கம் ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு, மேரியின் அறைக்கு வந்து கதவைச் சாத்தினாள்.

“தோ பாரு கண்ணு. நானும் காலையிலேர்ந்து ஒரு சொட்டுத் தண்ணி குடிக்கல. ஏன்னு உனக்குத் தெரியும். இப்ப சொல்லு, எத்தினி மணிக்குப் போனே?”

மேரி பொலபொலவென்று அழுதுவிட்டாள். அழுது முடித்தபின் சொன்னாள்.

4.30.

எல்லோரும் மேனேஜர் அறையில் கூடினார்கள்.

“இந்தப் பொண்ணு தப்பு பண்ணிட்டா,” என்று தொடங்கினாள் செங்கேணி. ஏகாம்பரம் வருத்தமாகத் தலையை ஆட்டினார்.

“பொய் சொன்னதுதான் தப்பு. சீட்ட விட்டு எழுந்திரிக்கலன்னு சொன்னா. பாக்கப்போனா, ஒண்ணு பத்துக்குக் கிளம்பி ஏரிக்கரைப் புதருக்குப் போயி, ஒண்ணு நாப்பதுக்குத் திரும்பியிருக்கா. பதினோரு மாசமா தெனமும் இதே கதைதான். புடவையில ஒட்டின நாயுருவி ஆபீசுக்குள்ள மொளைக்காது. பானையில தண்ணி கொறையாததுக்கும் காரணம் அதான். பாலிடெக்னிக்குலயும் பொண்ணுங்களுக்குக் கக்கூஸ் கிடையாதாம். மூணு வருஷம் தாகத்த அடக்கப் படிச்சிருக்கா. அந்தக் கக்கூஸ் சாவியக் கேட்டு சேந்த மாசமே மனு போட்டாளே, மேனேஜர் சார், ஞாபகம் கீதா?”

கிருஷ்ணசாமி தொண்டையைக் கனைத்தார். “அது ஆபீசர் உபயோகத்துக்குன்னு ரூல்ஸ்மா...”

“ஆறு ஆம்பளைங்க சுத்தி நின்னுக்கினு எங்க போனேன்னு கேட்டா, பொம்பள இன்னா சார் சொல்லுவா? இல்லன்னுதான் சொல்லுவா. அவ பொய்க்குக் காரணம் வெக்கம்.” செங்கேணி திரும்பினாள். “அதே பொய்ய நீங்க சொன்னதுக்குக் காரணம் இன்னா, ஏகாம்பரம் சார்?”

அவள் விரல் விட்டு எண்ணினாள்.

“மேனேஜர் தெரியாதுன்னாரு. பச்சமுத்து பாக்கலன்னான். வாசல்லயே இருந்தேன், வெளிய வரலன்னு சத்தியம் பண்ணது நீங்க ஒருத்தர்தான். அவ வந்தா. உங்களத் தாண்டித்தான் போனா. சும்மா பேப்பர் படிச்ச மனுசனா இருந்தா, அரை மணி நேரம் வெளிய போச்சுமான்னு முதல் ஆளா சொல்லியிருப்பாரு. அவ சொன்ன பொய்யே அவளுக்குச் சுருக்குக் கயிறு ஆச்சா, இழுக்கறதுக்கு நீங்களும் ஒரு கை போட்டீங்க. பச்சமுத்துவ வெத்தலைக்கு அனுப்பினதும் நீங்கதான்.”

“எடுத்தவன் எங்கம்மா வச்சிருப்பேன்?” ஏகாம்பரத்தின் குரல் உயர்ந்தது. “பட்டப்பகல்ல அத்தாம்பெரிய பொருளத் தூக்கிக்கினு ரோட்டுல போவ முடியுமா?”

“முடியாது. அதனால அது இங்கதான் கீது. இந்தப் பொண்ணு தேடாத இடம் ஒண்ணுதான் பாக்கி. அவ கால் வைக்கக் கூடாதுன்னு நீங்க எல்லாருமா சொன்ன இடம். பாசி புடிச்ச செங்கல் குவியலும் அதுக்குப் பக்கத்து நிழல்லதான் கெடக்குது.”

பச்சமுத்து ஆணியிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு ஓடினான்.

கக்கூஸ் கதவு திறந்தது. மூலையில், ஈரம் படாத மேடையில், நான்காக மடித்த துண்டின் மேல் கருவி பத்திரமாக உட்கார்ந்திருந்தது. திருடும்போதும் கருவியை வெறும் தரையில் வைக்க அந்த மனுஷனுக்குக் கை வரவில்லை. பதினெட்டு வருஷ ஓவர்சியர் புத்தி! தோளில் கிடந்ததை எடுத்து விரித்திருக்கிறார். துண்டின் மூலையில் சலவைக்காரர் வீட்டுக்கு ஒன்றாகப் போடும் அழியாத சேங்கொட்டை மைக் குறி, இரண்டு புள்ளியும் ஒரு கோடும். செங்கேணி ஏகாம்பரத்தின் சட்டைக் காலரைத் திருப்பிப் பார்த்தாள். அங்கேயும் இரண்டு புள்ளி, ஒரு கோடு.

ஏகாம்பரம் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

“ஒரு பொம்பளப் புள்ள, என் பாலம் கோணலுன்னு ஊரறிய சொல்லுதேம்மா. நாளைக்கு இன்ஜினீயர் எதிர்ல என் மூஞ்சிய எங்க வச்சிக்குவேன்? ரெண்டு நாளு கழிச்சி நானே கண்டுபுடிச்சா மாதிரி குடுத்துடலாம்னுதான்...”

“அதுக்குள்ள என் வேலை போயிருக்கும் சார்,” என்றாள் மேரி.

அவர் நிமிரவில்லை. செங்கேணி எல்லோரையும் முன்பக்கம் போகச் சொன்னாள். “ஆம்பளைங்க அல்லாரும் நகருங்க. எங்களுக்கு இங்க வேலை கீது. மேரி, நீ மொதல்ல போ கண்ணு.” இரண்டு பேருக்குமே சிரிப்பு வந்துவிட்டது. அந்தக் கட்டடத்தில் ஒரு பெண் அப்படி வாய்விட்டுச் சிரித்தது அதுவே முதல் தடவை.

5.05.

கிருஷ்ணசாமி புகார் எழுத உட்கார்ந்தார். பேனாவைத் திறந்தவர் தயங்கினார்.

“பொருள்தான் கெடச்சிடுச்சேம்மா. அவரும் புள்ளகுட்டிக்காரரு. கேஸு அவசியமா?”

செங்கேணி மேரியைப் பார்த்தாள். மேரி கருவியின் கண்ணாடியைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்து மூடினாள்.

“கருவி செங்கல்லாயிருந்தப்ப கேஸு அவசியமான்னு எனக்காக யாரும் கேக்கல சார். எழுதுங்க.”

அவர் பெருமூச்சு விட்டு எழுதினார். பாதியில் நிறுத்தினார்.

“ஒண்ணு பத்துக்கு நீ போனத... ‘சொந்த அலுவலாக வெளியே சென்றிருந்தபோது’ன்னு போட்டுக்கறேன்.”

“வேணாம் சார். நான் சொல்றபடி எழுதுங்க.” மேரி மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். மத்தியானம் கூடி நின்ற அதே ஆண்கள் இப்போதும் வாசலில் நின்றார்கள். அவர்கள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். “இந்த ஆபீசில் பெண்களுக்குக் கக்கூஸ் இல்லாததால், நான் தினமும் ஏரிக்கரைப் புதருக்குப் போகிறேன். இன்றும் அதற்குத்தான் போயிருந்தேன்.”

கிருஷ்ணசாமிக்கு முகம் சிவந்துவிட்டது. “அய்ய, இது பெரிய இன்ஜினீயர் மேசைக்குப் போற காகிதம்மா! அவரு படிப்பாரே!”

“அதுக்குத்தான் சார்,” என்றாள் மேரி. “கார்பன் வச்சி மூணு காப்பி எழுதுங்க.”