எட்டாவது போர்ட்டு

ஓர் அம்மாவின் சமையலறை மாதம் எண்ணூற்று நாற்பத்தொன்பதுக்குக் கிடைத்துக்கொண்டிருந்தது. வரி தனி.

அம்மா அதில் சேர்த்தி இல்லை. அம்மா போய் மூன்று மாதம் ஆகிறது. அந்தப் பணத்துக்கு வருவதெல்லாம், பூட்டிய வீட்டு அலமாரியின் மேலிருந்து ஒரு சின்ன கேமரா ஃபைபர் லைன் வழியாக அனுப்பும் படம்தான்... துடைத்து வைத்த அடுப்பு, கவிழ்த்து வைத்த டம்ளர், மேடை மேல் மெல்ல நகரும் வெயில். வேளைக்குச் சாப்பிடுகிறாளா என்று பார்க்க மகன் மாட்டிய கேமரா அது. அவளோ மதியம் ஒரு மணிக்கு அதன் எதிரே வந்து நின்று, 'நீ சாப்பிட்டியா?' என்று கையால் கேட்பாள். இப்போதும் அவன் ஒரு மணிக்குத் தன் மூக்குக் கண்ணாடிக் கடையில் ஃபோனைத் திறந்து வைத்துக்கொள்கிறான். கேட்க ஆள் இல்லை. அவனும் சாப்பிடுவதில்லை.

அதை நிறுத்திவிடலாம் என்றுதான் அன்று பிராட்பேண்ட் அலுவலகத்துக்கு வந்திருந்தான். வெளியே மழை.

"ஆறு மாசம் பாதி விலைக்குப் போடறேன் சார். ஸ்பீடும் டபுள். வெச்சுக்குங்க" என்றாள் கவுன்ட்டர் பெண்.

எதிராளி இரண்டு படி இறங்கினால் மூன்றாவது படியும் இருக்கும் என்று தெரிந்த கடைக்காரன் அவன். ஆனால் அன்று பேரம் பேசும் தெம்பு இல்லை.

"யாருமே இல்லாத வீட்டுக்கு டபுள் ஸ்பீடு எதுக்குங்க?"

"சரி சார். இருபத்திரண்டாம் நம்பர் வீடு... இறந்தவங்க பேர்ல ஓட்ட முடியாது. மாசக் கடைசிக்குள்ள ஒண்ணு கட் பண்ணணும், இல்ல பேர் மாத்தணும். கட் பண்ணிடவா?"

"கட் ஆக எவ்வளவு நேரம் ஆகும்?"

"ஒரு பட்டன்தான் சார். இப்பவே ஆயிடும்."

அதை அவன் எதிர்பார்க்கவில்லை. ஒரு நாளாவது ஆகும் என்று நினைத்திருந்தான். காகிதங்களைத் திரும்ப உறைக்குள் வைத்தான்.

"இன்னொரு நாள் வரேங்க..."

"சார், ஒரு நிமிஷம்."

பின்னால், சொட்டும் குடையோடு ஒருத்தி நின்றிருந்தாள். அவள் வந்து சேர்ந்தது 'யாருமே இல்லாத வீடு' என்ற இடத்தில். அதற்குப் பிறகு வீட்டு நம்பரும் 'கட்' என்ற சொல்லும் தவிர அவள் காதில் வேறு எதுவும் சரியாக விழவில்லை. விழாததற்குக் காரணம் இருந்தது. காது கேளாத மாணவர்களுக்காக, ஆசிரியர் பேசப் பேச அதை உடனுக்குடன் தட்டச்சு செய்து அவர்கள் திரையில் ஓடவிடும் வேலை அவளுக்கு ஒரு கல்லூரியில் கிடைத்திருந்தது. வீட்டிலிருந்தே பார்க்கலாம். ஆனால் திங்கள் காலை பத்து மணிக்கு வீட்டு லைனைச் சோதிப்பார்கள். வேகம் நூறுக்குக் கீழே இருந்தால் வேலை அடுத்த ஆளுக்கு. அவள் குடிவந்த தெருவில் இந்தக் கம்பெனியின் லைன் ஒன்றுதான். கம்பத்துப் பெட்டியில் லைன் சொருக எட்டே போர்ட்டு, எட்டிலும் ஆள். யாராவது விட்டுக்கொடுத்தால்தான் அவளுக்கு.

"அந்த இருபத்திரண்டு எங்க தெருதான். பூட்டியே கிடக்குது. கட் பண்ணத்தானே வந்தீங்க?"

"வந்தேன்... பண்ணல."

"ஆளே ஏறாத சீட்டுக்குத் துண்டு போட்டு வெக்கற மாதிரி இருக்கு சார். காசு இருந்தா பூட்டின வீட்டுக்கும் நெட்டு கட்டலாம். இங்க ஒருத்திக்கு வேலையே போகப் போகுது."

அவன் நிமிர்ந்து பார்த்தான். கண்களைப் பார்ப்பது அவன் தொழில். வந்த கண்ணில் பவர் எவ்வளவு, வாங்குமா வாங்காதா என்று ஒரு பார்வையில் சொல்லிவிடுவான். இந்தக் கண்களில் கோபம் இருந்தது, அதற்கு அடியில் பயம் இருந்தது... இரண்டையும் மறைக்கத் தெரியாத கண்கள்.

"சீட்டு என்னோடது இல்லீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு மழையில் இறங்கிப் போனான்.

கவுன்ட்டர் பெண் குரலைத் தாழ்த்தினாள். "மேடம்... அது அவங்க அம்மா லைன். தவறி மூணு மாசம்தான் ஆகுது. அந்த வீட்டை கேமராவுல பாத்துட்டே இருப்பாராம். பாவம், இவ்வளவு நேரம் அதைத்தான் என்கிட்ட சொல்லிட்டிருந்தார்."

அவளுக்குக் காதுமடல் வரை சுட்டது.

வீட்டில் அப்பா, ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர், முழுக் கதையையும் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்தார்.

"துண்டு, சீட்டுன்னு சொன்னியா? எனக்குப் பொறந்தவ வேற எப்படிச் சொல்லுவ... போய் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுட்டு வாம்மா."

"கேட்டா போர்ட்டுக்காகக் கேட்ட மாதிரி இருக்கும்ப்பா."

"அப்ப போர்ட்டு வேண்டாம்னு சொல்லிட்டுக் கேளு."

"வேணுமேப்பா..."

அங்கேதான் சிக்கல். தேவையோடு போகிறவரின் மன்னிப்புக்குச் சந்தையில் பாதி விலைகூடக் கிடைக்காது. அது அவளுக்குத் தெரிந்திருந்தது. இரவெல்லாம் புரண்டாள். மறுநாள் மதியம், மழை விட்ட வெயிலில், கவுன்ட்டர் பெண்ணிடம் விசாரித்துக்கொண்டு கண்ணாடிக் கடைப் படி ஏறினாள்.

"மன்னிப்புக் கேக்க வந்தேன். நேத்து நான் பேசினது தப்பு. ஆனா ஒரு கண்டிஷன். நான் கேட்டேன்னு லைனை எனக்குக் கொடுத்துடக் கூடாது. கொடுத்தா நான் கேட்டது பொய்யாயிடும்."

அவன் துடைத்துக்கொண்டிருந்த கண்ணாடியைக் கீழே வைத்தான்.

"இந்தக் கடையில எத்தனையோ விதமாப் பேரம் பேசியிருக்காங்க. கொடுத்தா வாங்க மாட்டேன்னு பேசறது நீங்கதான் முதல்ல."

அவளுக்குச் சிரிப்பு உதடு வரை வந்து நின்றது. அப்போது மணி ஒன்று. மேஜை மேல் அவன் ஃபோனில் அடுப்பும் டம்ளரும் தெரிந்தன. மறைக்கப் போனவன் என்ன நினைத்தானோ, அதை அவள் பக்கம் திருப்பி வைத்தான்.

அவள் வெகுநேரம் பார்த்தாள்.

"வெயில் அழகா விழுது..."

மூன்று மாதமாக எல்லோரும் அவனிடம் 'எவ்வளவு நாள் இப்படி' என்று கேட்டார்கள். வெயிலை யாரும் பார்க்கவில்லை.

"நான் லைனைக் கொடுக்கல" என்றான் மெதுவாக. "அது அங்கயே இருக்கட்டும். நீங்க அங்க வந்து உக்காந்து வேலை பாருங்க. அப்பாவையும் கூட்டிட்டு வாங்க. சாவி தரேன்."

"சும்மாவா? வேண்டாம்."

"பாதி பில்லு கட்டுங்க."

"பாதின்னா... வரியோடயா, வரி இல்லாமலா?"

"வரியோடதான். கடைக்காரன்கிட்ட கேக்கற கேள்வியா இது?"

இப்போது அந்தச் சிரிப்பு வெளியே வந்துவிட்டது. சாவியை நீட்டும்போது சொன்னான்: "கேமராவை நீங்களே ஒரு துணி போட்டு மூடிடுங்க. நான் பாக்க மாட்டேன்."

திங்கட்கிழமை காலை மறுபடி மழை. அந்தச் சமையலறை மேஜையில் மடிக்கணினியை மோடத்தோடு ஒயரில் இணைத்து அவள் வேகத்தைச் சோதித்தாள். தொண்ணூற்று நாலு. மறுபடியும் தொண்ணூற்று நாலு. திட்டமோ முந்நூறு. பத்து மணிக்கு இன்னும் கால் மணி நேரம்.

"லைன் மோசமோ?" என்றான் அவன், வாசற்படியில் நின்றபடி.

"மோசம்னா ஏறி ஏறி இறங்கும். இது ஒரே இடத்துல அசையாம நிக்குது." அவள் விரல் ஒயரைத் தடவிக்கொண்டே போய், கதவிடுக்கில் நசுங்கிய இடத்தில் நின்றது. "இதுக்குள்ள எட்டு கம்பி. ஒண்ணு அறுந்தாலும் நூறைத் தாண்டாது. வேற ஒயர் இருக்கா?"

அதற்குள் அவன் மழையில் ஓடிக்கொண்டிருந்தான். தெருமுக்கைத் தாண்டிக் கடை. பில் போடும் கம்ப்யூட்டரில் இருந்த ஒயரைப் பிடுங்கிக்கொண்டு, சட்டைக்குள் பொத்தி வைத்துக்கொண்டு திரும்பி வந்தபோது அவன் கண்ணாடியில் மழை வழிந்து, எதிரே இருப்பது யார் என்றே தெரியவில்லை. அவளே கை நீட்டி வாங்கிக்கொண்டாள். விரல் பட்டது... ஈரம்.

இருநூற்று எண்பத்தேழு.

கல்லூரிக்காரர்கள் சோதித்துவிட்டு, "நாளைக்கே ஆரம்பிங்க" என்றார்கள். அப்பா நாற்காலியில் சாய்ந்தார். "டிக்கெட் கிழிச்சாச்சு. ஏறி உக்காரு."

அவளுக்குச் சிரிக்க வரவில்லை. சொட்டச் சொட்ட நின்றவனைப் பார்த்து, "துடைச்சுக்குங்க" என்று துண்டை நீட்டினாள்.

அதன் பிறகு தினமும் அவள் அங்கே வேலை பார்த்தாள். முன்கூடத்தில் அப்பா செய்தித்தாளோடு. கேமரா மேல் துணி. மதியம் ஒரு மணி ஆனால் மட்டும் துணியை எடுத்துவிட்டு, தானும் முன்கூடத்துக்குப் போய்விடுவாள். யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. அவனுக்கு அவன் சமையலறை கலையாமல் கிடைத்தது.

ஒரு நாள் அவசரத்தில் கதவோரமே நின்றுவிட்டாள். சுவரில் அவள் நிழல். ஃபோனில் அவன் செய்தி வந்தது.

'நிழல் தெரியுது.'

'சாரி. தள்ளிக்கறேன்.'

எழுதுகிறான், அழிக்கிறான், எழுதுகிறான்... பிறகு இரண்டே சொல்.

'தள்ள வேண்டாம்.'

மறுநாள் அவள் மேஜையிலேயே உட்கார்ந்து, கேமராவைப் பார்க்காமல், தலையைக் குனிந்தபடி சாப்பிட்டாள். கடையில் அவனும் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்தான். மூன்று மாதத்துக்குப் பிறகு அன்றுதான் அதைக் காலி செய்தான்.

மாதத்தின் கடைசி வாரம் வந்தபோது அவன் பேசுவதைக் குறைத்துக்கொண்டான். வீட்டைத் திறந்துவிட்டவன் பதிலுக்கு அவள் மனசைக் கேட்டால் அது வாடகை ஆகிவிடும். அவள் சரி என்றால்கூட, வேலைக்காகச் சொன்னாளா, மனசாரச் சொன்னாளா என்று எந்த ராத்திரியிலாவது தோன்றும். வியாபாரத்தில் எல்லாவற்றையும் கலப்படம் செய்து பார்த்தவர்கள் உண்டு. அவனுக்கு இதில் மட்டும் கலப்பு கூடாது.

மாதக் கடைசி நாள். 'உங்கள் வீட்டுக்கு இணைப்பு தர இடம் காலியாகிறது, நேரில் வரவும்' என்று அவளுக்குச் செய்தி வந்தது. குடையை எடுத்துக்கொண்டு ஓடினாள். கவுன்ட்டரில், உறையோடு, அவன்.

"காலியாகறது உங்க லைனா? என்னை வெளிய அனுப்பறீங்களா?"

"இல்லீங்க. விடறேன். உங்க வீட்டுக்கே லைன் வரட்டும். எனக்கு நீங்க ஒண்ணும் பாக்கி இருக்கக் கூடாது."

"அப்ப அம்மா சமையலறை?"

அவன் மேஜையைப் பார்த்தான். "பாத்த வரைக்கும் போதும்..."

பொய் சொல்லத் தெரியாத கடைக்காரன். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"கட் பண்ணாதீங்க மேடம். பேர் மாத்துங்க. என் பேருக்கு."

கவுன்ட்டர் பெண் தயங்கினாள். "குடும்பத்துக்குள்ளதான் மாத்த முடியும். அந்தம்மாவுக்கு நீங்க என்ன முறை வேணும்?"

அவள் குடையை நாற்காலிக்கு அடியில் தள்ளி வைத்தாள்.

"மருமகள்னு போடுங்க."

கவுன்ட்டர் பெண்ணின் விரல் அந்தரத்தில் நின்றது. ஊருக்கெல்லாம் பார்வை சரிபார்க்கிறவனுக்கு, எதிரே சுவரில் இருந்த ஆஃபர் பலகையில் ஓர் எழுத்துகூடத் தெரியவில்லை. எல்லாம் கலங்கிப்போயிருந்தது.

"நான் கேட்டா வாடகை மாதிரி ஆயிடும்னு..." என்றான்.

"தெரியும். அதான் நான் சொன்னேன். நான் சொன்னா என்னவாம்?"

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "அட்வான்ஸ்" என்றான்.

அவள் சிரித்தாள். கண்ணில் நீர் நின்றது.

"சார், நீங்களும் வாயைத் திறந்து சொல்லணும்" என்றாள் கவுன்ட்டர் பெண். "நான் டிக் போடணும்."

"ஒரு மணி எப்ப ஆகும்னுதாங்க காலையில எழுந்திரிக்கறேன்." அவன் அவளைப் பார்த்துத்தான் சொன்னான். "முன்னாடி அம்மாவுக்காக. இப்ப இவங்களுக்காகவும். டிக் போடுங்க."

"போட்டுட்டேன். கல்யாண சர்டிஃபிகேட் வேணுமே?"

"எத்தனை நாள் டைம் தருவீங்க?"

"மூணு மாசம் தரலாம் சார். அதுக்குள்ள முடிச்சிடுவீங்களா?"

"எங்க அப்பாவைக் கேக்கணும்" என்றாள் அவள். ஒரு வருஷச் சந்தாவை மொத்தமாகக் கட்டப் பணம் எடுக்க இரண்டு பேர் கையும் ஒரே நேரத்தில் நீண்டது. இந்த முறை யாரும் பேரம் பேசவில்லை.

ரசீது சின்ன இயந்திரத்திலிருந்து மெல்ல வெளியே வந்தது.

பெயர் மாற்றக் கட்டணம்: செலுத்தப்பட்டது.
ஆண்டுச் சந்தா, ஒரு மாதம் இலவசம்: செலுத்தப்பட்டது.
உறவுச் சான்று: பாக்கி.